கடை மாடியில் 20 கிலோவாட் சோலார்: வண்ணாரப்பேட்டையின் உப்பிலும் புழுதியிலும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையை ஒட்டிய எங்கள் துணிக்கடையின் மொட்டை மாடியில் 2023 பிப்ரவரியில் 20 கிலோவாட் சூரிய மின் அமைப்பை நிறுவினோம். அதிலிருந்து அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், ஒரு திருமண மண்டபத்தின் மேலாளர், திருவொற்றியூரில் பள்ளி நடத்தும் அறக்கட்டளையினர் எனப் பலர் மாடியேறிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டுச் சென்றிருக்கிறார்கள்: "போடலாமா?" அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் ஒழுங்காக எழுதி வைக்கலாம் என்றே இதை எழுதுகிறேன். இது பேனலின் பிராண்டைப் பற்றிய மதிப்புரை அன்று. அதை விற்று, நிறுவி, இன்றுவரை பராமரித்து வரும் நிறுவனத்தின் சேவையைப் பற்றியது. குறைகளைச் சுட்டிக்காட்டியபோது பெரும்பாலானவற்றைச் சரிசெய்து கொடுத்தார்கள் என்பதால், பெயரைச் சொல்லிக் குறைகூறுவது முறையாகாது என்று அதை விட்டுவிட்டேன்.

விலைப்புள்ளி கேட்டு நான்கு நிறுவனங்களை அழைத்திருந்தோம். மூன்று நிறுவனத்தார் வந்த கையோடு மாடியை அளந்தார்கள், மின் கட்டண ரசீதைப் படம் எடுத்துக்கொண்டார்கள், மறுநாளே 30 கிலோவாட் பொருத்தலாம் என்று எழுதி அனுப்பினார்கள். நிழல் விழாத இடம் கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்ற வழக்கமான கணக்கில் மாடியும் அதற்கு இடம் கொடுக்கத்தான் செய்தது. நான்காவதாக வந்த பொறியாளர் மட்டும் வேறொன்று கேட்டார்: காலை பத்து மணிக்கு எத்தனை ஏசி ஓடும், பிற்பகல் இரண்டு மணிக்கு எத்தனை, இரவு எட்டு மணிக்கு எத்தனை? நாங்கள் சொன்ன பதிலோடு விடாமல், ஒரு சனிக்கிழமை முழுவதும் மெயின் போர்டுக்கு அருகே, கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டருடன் உட்கார்ந்து மணிக்கொரு தடவை குறித்துக்கொண்டார். துணிக்கடையில் கூட்டம் சேர்வது மாலை ஐந்து மணிக்கு மேல்தான்; ஆடித் தள்ளுபடி, தீபாவளிக் காலம் தவிர மற்ற நாள்களில் நண்பகலில் இரண்டாம் தளத்து ஏசிகளை அணைத்தே வைத்திருப்போம். ஆகவே 20 கிலோவாட்டுக்கு மேல் போடுவது வீண் செலவு என்று அவர் எழுதிக் கொடுத்தார். தன் வியாபாரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தானே குறைத்துக்கொண்ட அந்த ஒரு தாளுக்காகவே அந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தோம். அந்த முடிவில் எனக்கு இன்றளவும் வருத்தமில்லை.

இதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடைக்காரர்கள் ஏமாறும் இடம் இதுதான். வீட்டு இணைப்புகளுக்கு நெட் மீட்டரிங் முறை உண்டு. பகலில் வெளியே அனுப்பிய யூனிட்டை இரவில் எடுத்த யூனிட்டோடு நேருக்கு நேர் கழித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் எங்களுடையதைப் போன்ற வணிக இணைப்புகளுக்கு அப்படியன்று. நெட் ஃபீட்-இன் என்ற முறைதான். மின்வாரியத்திடமிருந்து வாங்கும் யூனிட்டுக்குப் பத்து ரூபாயைத் தாண்டிய வணிகக் கட்டணம். நாம் அனுப்பும் யூனிட்டுக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த, அதைவிட மிகக் குறைந்த விலை. எனவே கடையில் அந்த நிமிடமே செலவாகும் சூரிய மின்சாரத்துக்குத்தான் முழு மதிப்பு. மிஞ்சி வெளியே போவது சொற்பத்துக்குப் போகிறது. திருமண மண்டப மேலாளரிடம் நான் தயங்காமல் வேண்டாம் என்றதற்கும் இதுவே காரணம். மண்டபத்தில் விளக்கும் ஏசியும் முழு வீச்சில் எரிவது வரவேற்பு நடக்கும் இரவில்தான். முகூர்த்தமில்லாத நாள்களில் பகல் முழுவதும் மாடி விளைவித்ததெல்லாம் மலிவு விலைக்கு வெளியே போய்விடும்.

நான் பாராட்டும் அதே நிறுவனம் வரவுக் கணக்கில் மட்டும் தாராளமாக நடந்துகொண்டது. கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 5 யூனிட், போட்ட பணம் மூன்று ஆண்டுகளில் திரும்பும் என்று அவர்கள் விற்பனைப் பிரிவு அச்சிட்டுத் தந்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. சென்னையில் ஆண்டு முழுவதற்குமான சராசரியாக 4 யூனிட் எடுத்துக்கொள்வதே நியாயம். எங்கள் முதல் ஆண்டுக் கணக்கு 3.8-இல் நின்றது. பங்குனியில் நன்றாக விளைகிறது; மே மாதத்தில் வெயில் உச்சத்தில் இருந்தும், பேனல் சூடேறச் சூடேற அதன் திறன் குறைவதால், நாம் எதிர்பார்ப்பதைவிடக் குறைகிறது; ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாதியளவே கிடைக்கும் நாள்கள் பல. சொந்தமாகப் பயன்படுத்தும் சூரிய மின்சாரத்தின் மேலும் மின்வாரியம் அப்போது விதித்த நெட்வொர்க் கட்டணமும் அந்தத் தாளில் இல்லை. சிறு, குறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்களுக்கு அரசு 2023 நவம்பரில் அதைப் பாதியாகக் குறைத்தது. உங்கள் இணைப்பு எந்த வகையில் வருகிறது, இன்றைய விகிதம் என்ன என்பதை மின்வாரியத்திடமே கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு விலைப்புள்ளியைப் பாருங்கள். என் கணக்குப்படி எங்கள் பணம் திரும்ப ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். இருபத்தைந்து ஆண்டு உழைக்க வேண்டிய பொருளுக்கு அது நல்ல வரவுதான். மூன்று என்று சொல்லி விற்றிருக்கத் தேவையில்லை.

மானியம் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் கிடைப்பது குடியிருப்புகளுக்கு மட்டுமே. எங்கள் தெருவிலேயே இரண்டு கடைக்காரர்கள் அது தங்களுக்கும் உண்டு என்று நம்பிக் காத்திருந்தார்கள். கடைக்கு உள்ளது வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ளும் 40 சதவீதத் தேய்மானமும், வாங்கும்போது கட்டிய வரியைப் பின்னர் ஈடுசெய்துகொள்ளும் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவும்தான். 2025 செப்டம்பர் 22 முதல் சூரிய மின் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதால், இப்போது போடுகிறவர்கள் தொடக்கத்தில் புரட்ட வேண்டிய பணம் எங்களைவிடக் குறைவு.

இனி நிறுவிய விதம். 550 வாட் பேனல்கள் முப்பத்தாறு. ஒவ்வொன்றும் ஏழரை அடி நீளம், 28 கிலோ எடை. குறுகலான படிக்கட்டில் ஒன்றில்கூடக் கீறல் விழாமல் ஏற்றினார்கள். இரும்புச் சட்டங்கள் துருப்பிடிக்காதபடி துத்தநாகம் பூசி முறையாக கேல்வனைஸ் செய்யப்பட்டவை. சென்னைக்குரிய அடிப்படைக் காற்று வேகமான விநாடிக்கு 50 மீட்டருக்கு, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டருக்கு, வடிவமைத்த கணக்குத் தாளையும் கேட்டவுடன் கொடுத்தார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது தகரக் கூரைகள் பறந்ததைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் அந்தத் தாளை நான் கேட்காமல் விட்டிருக்க மாட்டேன். ஆனால் அந்த நல்ல சட்டத்தில் பேனலை இறுக்கிய நட்டும் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று ஒப்பந்தத்தில் இருந்தும், பாதிக்கு மேல் சாதாரண முலாம் பூசியவை. கடல் எங்கள் மாடியிலிருந்து கூப்பிடு தூரம். காசிமேட்டுக் காற்று வீசும் மாலையில் கைப்பிடிச் சுவரைத் தடவினால் விரலில் பிசுபிசுக்கும். ஏழாவது மாதம் ஒரு போல்ட்டின் தலையிலிருந்து செம்பழுப்பு நிறக் கோடு ஒன்று சட்டத்தின் மேல் கண்ணீர்போல் இறங்கியிருந்தது. விரலால் தேய்த்தபோது துரு பொடியாக உதிர்ந்தது, மரை தேய்ந்து நட்டு கையாலேயே சுழன்றது. புகார் கொடுத்த பின் பதினைந்து நாளில் எல்லாவற்றையும் உப்புக் காற்றைத் தாங்கும் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றினார்கள், பணம் கேட்கவில்லை. நான் ஏறிப் பார்க்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை. கீழே நடைபாதைக் கடைகளும் மக்கள் நடமாட்டமும் உள்ள தெரு அது.

பேனல் தரும் நேர் மின்சாரத்தைக் கடைக்குத் தேவையான மாறு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரைத் தரைத் தளத்தில் மீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் கேபிள் செலவு குறையும் என்று நாங்கள்தான் வற்புறுத்தினோம். வண்ணாரப்பேட்டையில் தரைத் தளத்தை நம்பக்கூடாது என்று பொறியாளர் மறுத்து, படிக்கட்டுத் தலைப்பு அறையில் பொருத்தினார். அந்த ஆண்டே டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் கடைக்குள் முழங்கால் வரை நீர் நின்றது. மாடியில் ஒரு பேனலும் அசையவில்லை. இன்வெர்ட்டர் உலர்ந்தே இருந்தது. ஆயினும் மின்சாரம் வராத அந்த நாள்களில், வெயில் வந்த பிறகும், எங்கள் அமைப்பு ஒரு யூனிட்டும் தரவில்லை. மின்தடை நேரத்தில் கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க, பேட்டரி இல்லாமல் மின்வாரிய இணைப்போடு சேர்ந்தே ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும் என்பதே விதி; அது சரியானதுதான். "கரண்ட் போனாலும் கவலையில்லை" என்று விற்பனையாளர் சொன்னதே தவறு. கடைக்கு ஜெனரேட்டர் இன்னும் வேண்டியிருக்கிறது.

இவ்வளவுக்கும் மேலே, வடசென்னையில் இந்தச் சேவையின் தரத்தைத் தீர்மானிப்பது கழுவும் வேலைதான் என்பது என் உறுதியான கருத்து. துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் புகை, சாலைப் புழுதி, எண்ணூர், மணலிப் பக்கத்து ஆலைகளிலிருந்து வருவது எல்லாம் சேர்ந்து கண்ணாடியின் மேல் எண்ணெய்ப்பசை கலந்த ஒரு கரிய படலமாகப் படிகிறது. மழை அதை முழுவதும் எடுப்பதில்லை. சாய்வு பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் என்பதால் நீர் கீழ்ச்சட்டத்தில் தேங்கி, காய்ந்ததும் அந்த ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குச் சேற்றுப் பட்டை நிற்கும். அந்தப் பட்டையும் நிழல்தான். ஒரு பேனலின் ஓரம் மறைந்தால் அதே தொடரில் உள்ள மற்றவற்றின் விளைச்சலையும் அது இழுத்துக் குறைக்கும். மாசி மாதத்தில் மூன்று வாரம் கழுவாமல் விட்ட பின் நண்பகலில் 13 கிலோவாட் காட்டிய இன்வெர்ட்டர், கழுவிய மறுநாள் அதே நேரத்தில் 14-ஐத் தாண்டிக் காட்டியது. நிறுவனம் அனுப்பிய ஆள்கள் முதலில் எங்கள் போர் தண்ணீரையே அடித்தார்கள். இந்தப் பகுதி நிலத்தடி நீரின் உப்பு எல்லோரும் அறிந்தது. காய்ந்ததும் கண்ணாடி முழுக்க வெள்ளைத் திட்டுகள், பழைய குளியலறைக் குழாயில் படிவதைப்போல. அதை எடுக்க இரண்டு கழுவல்கள் ஆயின. இப்போது மெட்ரோ வாட்டர் மட்டும், விடியற்காலையில் கண்ணாடி சூடேறும் முன், மென்மையான துடைப்பானால் துடைக்கிறார்கள்.

திருவொற்றியூர்ப் பள்ளிக்கு நான் சொன்னது வேறு. பள்ளி நடப்பது பகலில். மின்விசிறி, கணினி அறை, மோட்டார் எல்லாம் சூரியனோடு சேர்ந்தே ஓடும், விளைச்சலும் செலவும் பொருந்தும், கோடை விடுமுறை மட்டுமே இடிக்கும். இதே வடசென்னையின் வாசலில் சென்ட்ரல் ரயில் நிலையம் 1.5 மெகாவாட் மேற்கூரைப் பேனல்களால் தன் பகல் நேரத் தேவையை ஈடுசெய்வதாக 2021-இல் அறிவிக்கப்பட்டது. பொதுக் கட்டடங்களின் அகன்ற கூரைகள் இப்படிப் பயன்படுவதைக் காணும்போது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி உண்டாகிறது. முதலீட்டுப் பணம் இல்லாத அறக்கட்டளைகள், நிறுவனமே செலவிட்டுப் பொருத்தி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று நீண்டகால ஒப்பந்தத்தில் விற்கும் ரெஸ்கோ முறையைக் கேட்கலாம். ஆனால் இராயபுரம், ஜார்ஜ் டவுன் பக்கங்களில் மர உத்திரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் இட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையுள்ள பழைய கட்டடங்கள் இன்னும் இருக்கின்றன; அவற்றில் துளையிடவோ கான்கிரீட் எடை வைக்கவோ முன்பு கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தே ஆக வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் விலை சொல்கிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. இருவழி மீட்டருக்கான விண்ணப்பத்தில் நிறுவனம் கொள்ளளவைத் தவறாகக் குறிப்பிட்டதால் சில வாரங்கள் வீணாயின. கைபேசிச் செயலி நன்றாக வேலை செய்கிறது. புகாருக்குப் பதில் வர இரண்டு நாள் ஆகும், ஞாயிற்றுக்கிழமை யாரும் எடுப்பதில்லை. எங்களுக்கோ ஞாயிறுதான் பெரிய நாள். இன்வெர்ட்டருக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம், பேனலுக்குப் பொருள் குறைபாட்டுக்குப் பன்னிரண்டு, விளைச்சலுக்கு இருபத்தைந்து. ஐந்துக்கு நான்கு என்று மதிப்பெண் தருவேன். குறைந்த ஒன்று அந்தப் போல்ட்டுகளுக்கானது.

பராமரிப்பு ஒப்பந்தத்தை அண்மையில் புதுப்பித்தபோது மூன்று வரிகளைக் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னேன்: மழையில்லாத மாதங்களில் இரு வாரத்துக்கு ஒரு முறை கழுவ வேண்டும், போர் தண்ணீர் கூடாது, ஆண்டுக்கு இரு முறை ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பேனர் வைத்து முடுக்கிப் பார்த்துக் கையொப்பமிட்ட பட்டியல் தர வேண்டும். தட்டச்சு செய்து கொண்டுவந்து கையொப்பமிட்டார்கள். முதல் பட்டியல் சென்ற வாரம் வந்தது. பேனல் எண் வாரியாக எழுதியிருந்தார்கள்.