ஒன்லைன் கடை போடப் போறீங்களா? உறுதி யார் பேரில் என்று முதலில் பாருங்க

எங்கள் மருதமுனையில் ஐந்து பேர்ச்சஸ் காணி வாங்குவதென்றாலும் யாரும் சும்மா காசை நீட்டமாட்டார்கள். உறுதி யார் பேரில், பெர்மிட் காணியா, வங்கியில் ஈடு கிடக்கா என்று நொத்தாரிசுவைக் கேட்டு, பதிவகத்தில் தேடிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் அட்வான்ஸ். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான் 185,000 ரூபாய் கொடுத்து ஒரு கடை வாங்கினேன். உறுதி பார்க்கவில்லை. அது இணையத்தில் இருக்கும் கடை, அதற்கு ஏது உறுதி என்று நினைத்தேன்.

நாங்கள் கைத்தறிக் குடும்பம். சாரனும் சாரியும் நெய்கிறோம். சுனாமிக்கு முன்பு வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டிலில் நாலு தறி நின்றது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து ஒன்றைத்தான் விட்டுவைத்தது. வாப்பா மெல்ல மெல்லச் சேர்த்து இப்போது ஐந்து. கொழும்பு, கண்டிக் கடைகளுக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்பிவிட்டு, மூன்று மாதம் கழித்துக் காசுக்குப் போன் எடுப்பதுதான் எங்கள் வியாபாரம். 2022இல் பெற்றோல் வரிசையும் நூல் விலையும் சேர்ந்து அதையும் படுக்கவைத்துவிட்டது. லண்டனில் இருக்கும் சாச்சா மகன்தான், "இஞ்ச ஆக்கள் மருதமுனைச் சாரன் எங்க எடுக்கலாம் எண்டு கேக்கிறாங்க, ஒரு வெப்சைட்டைப் போடுங்க காக்கா" என்று சொன்னான்.

பேஸ்புக் விளம்பரம் ஒன்றில் அந்த ஆளைப் பிடித்தேன். கொழும்புப் பக்கம். எடுத்த எடுப்பில் "நானா" என்றார். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம், நானா என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. ஆனாலும் கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. பதினாலு நாளில் சைட் ரெடி, மூன்று மொழி, கார்ட் பேமென்ட், பேபால், கூகுளில் முதல் இடம். எல்லாம் பெக்கேஜுக்குள் அடக்கம்.

பேபால் என்ற இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நான் சொல்வது 2023 மே மாதம். இலங்கைக் கணக்கு வைத்திருப்பவர் அதில் காசு அனுப்பலாம், வாங்க முடியாது. இந்த வேலையில் இருக்கிற ஒருவருக்கு அது தெரியாமல் இருக்காது. கூகுளில் முதல் இடம் என்பதும் அப்படித்தான். அதைக் கூகுள்காரனே யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை.

முதலில் 90,000 போட்டேன். வங்கிக் கணக்கு ஒரு பெண்ணின் பேரில் இருந்தது. கேட்டதற்கு, "வைஃப்ட எக்கவுன்ட் நானா" என்றார். பிறகு 60,000. பிறகு, சைட்டைக் கண்ணால் பார்க்க முன்பே, "சேர்வருக்குக் கட்டணும், இல்லாட்டி எல்லாம் அழிஞ்சிரும்" என்று ஒரு வொயிஸ் வந்தது. பயந்துபோய் மிச்சம் 35,000ஐயும் போட்டேன். பாவு முடியாமல் நெசவாளிக்கு முழுக்கூலி கொடுக்கமாட்டார் வாப்பா. அவருக்குத் தெரியாமல்தான் போட்டேன்.

பதினாலு நாள் நாலு மாதமானது. செப்டம்பரில் லிங்க் வந்தது. கம்பியூட்டரில் பார்க்க வடிவாகத்தான் இருந்தது. போனில் திறந்தால், "எங்களைப் பற்றி" என்ற பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் கோடும் புள்ளியுமாகக் கலைந்து கிடந்தது. நான் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து கொடுத்ததை அப்படியே தூக்கி ஒட்டியிருக்கிறார். பாமினி இல்லாத போனில் அது தமிழாகத் தெரியாது, கூகுளுக்கும் அது தமிழ் இல்லை. எல்லாப் போனிலும் தமிழாகத் தெரிகிற யூனிகோடுக்கு மாற்றுவதற்கு இலவசக் கருவிகள் எத்தனையோ இருக்கின்றன, ஐந்து நிமிட வேலை. அவர் அதற்கு 12,000 கேட்டார். "தமிழ் வேர்ஷன் தனி சார்ஜ் நானா."

படங்கள் இன்னொரு கூத்து. நான் போனில் எடுத்து அனுப்பியவற்றைச் சுருக்காமல் அப்படியே ஏற்றிவிட்டார், ஒவ்வொன்றும் ஐந்து, ஆறு எம்பி. எங்கள் பக்கத்து சிக்னலில் ஒரு சாரன் திறந்து முடிய ஒரு தேத்தண்ணி குடித்துவிடலாம். நிறம் மாறினது மட்டும் என் பிழை, அதை ஒப்புக்கொள்கிறேன். ரியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்ததால் கத்தரிப்பூ நிறச் சாரன் நீலமாகத் தெரிந்தது. நீலம் என்று எடுத்தவர்கள் திருப்பி அனுப்பினார்கள். பார்சல் வந்ததும் காசு என்ற முறையில் போன சாமான் திரும்பினால், போன கூலியும் வந்த கூலியும் எங்கள் தலையில்தான். இப்போது பகல் பத்து மணிக்குக் கொட்டில் வாசலில், நேர் வெயில் படாமல் விரித்து எடுக்கிறேன். அளவை முழத்தில் எழுதாமல் மீற்றரில் எழுதுகிறேன்.

முதல் வெளிநாட்டு ஓடர் வந்த நாளை மறக்கமாட்டேன். லண்டனில் இருந்து பன்னிரண்டு சாரன், கார்ட்டில் காசு கட்டியாகிவிட்டது. உம்மா பாயசம் காய்ச்சப் போனா. நான் பில்லைக் கீழே வரை இறக்கிப் பார்த்தேன். டெலிவரி: 350 ரூபாய். கல்முனைக்கும் 350, லண்டனுக்கும் 350. நாடு, எடை எதுவும் பிரிக்காமல் ஒரே தொகையைப் போட்டு வைத்திருந்திருக்கிறார். லண்டனுக்குப் பார்சல் விலை விசாரித்தேன், பன்னிரண்டு சாரனின் லாபத்தைவிடக் கூட. வாங்கியவருக்கு எழுதி மன்னிப்புக் கேட்டேன். பாதியை அவர் தந்தார், நல்ல மனிசன்.

அந்தப் பன்னிரண்டு சாரனின் காசும் என் கைக்கு வரவில்லை. கார்ட் பேமென்டுக்கு வியாபாரப் பதிவு வேணும், அதுதான் பி.ஆர். என்னிடம் அப்போது இல்லை. "பரவால்ல நானா, என்ட கணக்கால எடுத்து மாசக் கடைசியில போட்டு விடுறன்" என்றார். மாசக் கடைசி வந்து வந்து போனது. மொத்தம் பதினொரு ஓடர், 87,400 ரூபாய். பி.ஆர் எடுப்பது ஏதோ மலை என்று நினைத்திருந்தேன். பிறகு பிரதேச செயலகத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது, படிவம், கிராம உத்தியோகத்தரின் கையெழுத்து, கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான். அதை வைத்து என் பேரிலேயே கார்ட் காசு வந்து சேரும் பேமென்ட் கேட்வே கணக்கும் திறந்தாயிற்று.

2024 மே கடைசி. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று கிழமை இருக்கும்போது சைட் நின்றது. போன் எடுத்தால், "ரினியூவல் 65,000 நானா" என்றார். டொமைன் என்கிற கடையின் இணையப் பேர், சைட்டை வைத்திருக்கும் சேர்வர் வாடகையான ஹொஸ்டிங், மெயின்டனன்ஸ், பிறகு பிரவுசரில் பூட்டுப் படம் தெரிய எஸ்எஸ்எல் 18,000.

ராத்தாவின் மகள் ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பெருநாள் லீவுக்கு வந்தவளிடம் பில்லைக் காட்டினேன். "மாமா, இந்தப் பூட்டு சும்மா கிடைக்கும்" என்றாள். லெட்ஸ் என்கிரிப்ட் என்று ஒரு அமைப்பு பல வருசமாக இலவசமாகக் கொடுக்கிறதாம். கடையை ஓட்டுகிற வூகொமர்ஸும் இலவசம். நான் ஏதோ அவர் இருந்து எழுதிய புரோகிராம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டொட் கொம் பேர் ஒன்றுக்கு வருசத்துக்குப் பத்து, பதினைந்து டொலர் போகும், அன்றைய விலைக்கு ஐயாயிரத்துக்குள். ஹொஸ்டிங்குக்குக் காசு வேணும்தான், அதற்காக இப்படியா?

பிறகு ஹூஇஸ் என்ற தேடலில் எங்கள் கடைப் பேரைப் போட்டாள். ஒரு பேர் யாரிடம் எப்போது பதிவானது, எப்போது முடிகிறது என்று அதில் யாரும் பார்க்கலாம். உரிமையாளர் விபரம் மறைக்கப்பட்டிருந்தது. "இது மறைஞ்சிதான் இருக்கும், பிரச்சினை அது இல்ல. ரினியூவல் மெயில் உங்களுக்கு வந்ததா மாமா?" வரவில்லை. ஒரு மெயிலும் ஒருநாளும் வரவில்லை. "அப்ப இந்தப் பேரு உங்கட இல்ல."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. வாப்பாவின் வாப்பாவுடைய பேரில் வைத்த கடைப் பேர் அது.

அவள் சொன்னதில் ஒன்று முக்கியம். பேர் காலாவதியானவுடன் போய்விடாது. பதிவு செய்த கம்பனியைப் பொறுத்துக் கொஞ்ச நாள் தவணை, அதற்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் கட்டணம் கூட, கடைசியில் 5 நாளில் அழிந்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நிலைக்கு வரும். ஆனால் அந்த நாட்களில் மீட்கக்கூடியவர் பதிவில் இருப்பவர் மட்டும்தான். ஆகவே நான் அவரிடம்தான் போகவேண்டியிருந்தது. லொகினைத் தாங்க, ரினியூ காசை நானே கட்டுகிறேன் என்றேன். 65,000 என்றார். 40,000 என்றேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கடைசியாக அனுப்பிய வொயிஸ்களை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார். வாட்ஸ்அப்பில் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பொலிஸில் முறைப்பாடு எழுதினார்கள். ஆனாலும் எழுதியவர், "காசு குடுத்தீங்க, சைட் செஞ்சு தந்திருக்கார், இதுல களவு எங்க?" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கல்முனையில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். உடன்படிக்கை இல்லையே என்றேன். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் பேசி ஒத்துக்கொண்டதையும் வெறும் பேச்சென்று தள்ளிவிட முடியாது, மிச்சம் இருப்பதை அழியமுன் எடுத்து வையுங்கள், வங்கிச் சீட்டுகளையும் கொண்டு வாருங்கள் என்றார். சீட்டுகள் மூன்றும் வாப்பாவின் கணக்குக் கொப்பிக்குள் இருந்தன. அப்போதுதான் அவருக்கும் விசயம் தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை, தறிக்குப் போய்விட்டார்.

சட்டத்தரணியின் கடிதம் போய் ஒரு மாதத்தில் 40,000 வந்தது. கார்ட் காசில் மிச்சம் 47,400 இன்னும் நிற்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். பேர் மட்டும் போய்விட்டது. ஓகஸ்டில் யாரோ எடுத்துவிட்டார்கள்.

இப்போது புதுக் கடை ஓடுகிறது, டொட் எல்கே பேரில். பதிவு என் அடையாள அட்டையில், மெயில் என் போனுக்கு. மருமகளே நின்று செய்தாள். ஹொஸ்டிங் பாஸ்வேர்ட், கடை அட்மின், பேஸ்புக் பக்கம் எல்லாவற்றிலும் முதல் ஆள் நான், அவள் இரண்டாவது ஆள். முடிந்ததும் முதல் வேலையாக என்னை உட்காரவைத்து, என் கையாலேயே ஒரு சாரனை ஏற்றி, விலை மாற்றி, அழித்து, திரும்ப ஏற்றச் சொன்னாள். பழைய ஆளிடம் இதைக் கேட்டபோது, "அது உங்களுக்கு விளங்காது நானா, எனக்கு வட்ஸ்அப் பண்ணுங்க" என்பார். ஒரு விலை மாற்ற இரண்டு நாள்.

இன்னொரு விசயம் சொல்ல விட்டுப்போச்சு. சைட் வந்த சந்தோசத்தில் அதன் முகவரியைப் போட்டு 2,000 லேபல் அடித்திருந்தேன். சாரன் மூலையில் தைக்கிற சின்னத் துணி லேபல். இருநூறுக்கு மேல் சாரன்கள் அதோடு வித்துப் போய்விட்டன, லண்டனுக்கும்தான். போன கிழமை சாச்சா மகன் எடுத்தான். "காக்கா, லேபல்ல இருக்கிற சைட்டுக்குப் போனா சூதாட்டம் வருது, பள்ளிவாசல்ல வச்சு ஒருத்தர் காட்டினார்."

விற்காமல் கிடக்கும் சாரன்களை உம்மா முன் விறாந்தையில் குவித்து வைத்திருக்கிறா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிளேட்டால் ஒவ்வொரு லேபலாகத் தையல் பிரித்துக்கொண்டிருக்கிறா. நூல் அறாமல் பிரிக்கவேணும், இல்லாவிட்டால் துணியில் ஓட்டை விழும். நேற்றுவரை அறுபத்திரண்டு.