பழைய அம்புலிமாமாத் தொகுப்பு மலையகத்தில் தாங்குமா?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் இது. பழைய புத்தகக் கடையொன்றுக்கு அம்புலிமாமா ஆறு வருடத்துத் தொகுப்பு வந்திருக்கிறதாம். பைண்டிங் இல்லை, உதிரி இதழ்கள். முதலில் சொன்ன விலையும் இப்போது இறங்கியிருக்கிறது. பிள்ளைகளுக்கு வாங்கிப் போடலாமா, நம்ம ஈரத்துக்குத் தாங்குமா?

கதை எப்படி, படம் எப்படி என்று அவர் கேட்கவில்லை. 1947 ஜூலையில் தொடங்கிய சிறுவர் சஞ்சிகை, நாகி ரெட்டியும் சக்கரபாணியும் நடத்தியது, தோளில் சடலத்தோடும் கையில் வாளோடும் ராஜா நடக்கும் அந்தப் படம் ஓவியர் சங்கருடையது என்பதெல்லாம் தெரியாதவர் இதற்கு விலை கேட்டே போகமாட்டார். ஆகவே நேரே பின்னுக்கு வருகிறேன். நடுவில் அடித்திருக்கிறார்களே, இரண்டு கம்பிப் பின், அதுதான் இந்தச் சஞ்சிகையின் சனியன்.

பின் கம்பி இரும்பு. மேலே பூசிய மெல்லிய பூச்சு, கம்பி வளையும் இடத்தில்தான் முதலில் விரிசல் விடும். தாள் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும் பொருள். அந்த ஈரம் வளைவில் போய் உட்காரும். ஒரு மழைக்காலம் போதும், நடுப்பக்கத்தில் பின்னின் இரண்டு காலைச் சுற்றியும் பழுப்பு வட்டம் விழுந்துவிடும். அது வெறும் கறை என்று விட்டுவிடக் கூடாது. துருவிலுள்ள இரும்பு தாளின் நாரை அரிக்கும் வேலையை வேகப்படுத்தும். ஊசி முனையளவு இருந்த துளை மிளகளவாகி, கடைசியில் பின் அப்படியே நிற்க, தாள் அதிலிருந்து கழன்று வரும். அட்டைக்கு அடுத்த தாளும் நடுத்தாளும் முதலில் போகும். போன தாள் தனியாகவும் போகாது, ஜோடியைக் கூட்டிக்கொண்டுதான் போகும்.

வாங்கும்போது இந்த ஜோடிக் கணக்குத் தெரிந்திருந்தால் ஏமாறமாட்டீர்கள். 64 பக்க இதழ் என்றால் 16 தாள் மடித்து அடுக்கியது. அட்டையைச் சேர்க்காமல் எண் போட்டிருந்தால், ஒரே தாளில் ஒரே முகத்தில் வரும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் 65 வரும். 16ஆம் பக்கத்துக்கு ஜோடி 49, 15க்கு ஜோடி 50. அட்டையிலிருந்தே எண் தொடங்கும் இதழ்களும் உண்டு. நடுப்பக்கத்தை விரித்து இரண்டு எண்களையும் கூட்டினால் அந்த இதழின் கூட்டுத்தொகை கிடைத்துவிடும். 'ஒரு தாள்தான் கிழிஞ்சிருக்கு' என்று கடைக்காரர் சொன்னால் உடனே ஜோடிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பாதி நேரம் அதுவும் ஆடிக்கொண்டிருக்கும். கடைசித் தாளையும் மறக்காதீர்கள். இரண்டு புகைப்படங்களைப் போட்டுத் தலைப்புக் கேட்கும் போட்டி கடைசியில்தான் வரும். பிள்ளைகள் அதைத் தாளோடு பிய்த்து எடுத்திருந்தால் ஜோடியும் கழன்று, முன்பக்கத்தில் ஒரு கதைக்குத் தலை இருக்காது.

இவ்வளவு திட்டிவிட்டேன். நியாயத்தையும் சொல்ல வேண்டும். மலைநாடு இந்தத் தாளுக்குச் செய்யும் நல்லது கொழும்பில் நடக்காது. மலிவுத் தாளில் மரக்கூழின் லிக்னின், அதாவது மரத்தின் நாரைப் பிணைக்கும் பொருள், அப்படியே கிடக்கும். ஒளியும் வெப்பமும் பட்டால் பழுத்து, பிறகு அப்பளமாக நொறுங்கும். வெப்பம் 5 பாகை குறைந்தால் தாளின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஆவணக்காப்பகக்காரர்களின் பொதுக் கணக்கு. கொழும்பின் சராசரி 27 பாகைக்கு மேல். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 16 பாகை. ஒரே மாத இதழின் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். கரையோரத்தில் கிடந்ததன் மூலையை மடித்தால் பட்டென்று ஒடியும். மலையில் கிடந்தது துணிபோல வளையும், வண்ணமும் கண்ணைப் பறிக்கும், ஆனால் பூஞ்சண வாடை மூக்கைத் துளைக்கும்.

பூஞ்சணம் வேதாளம் மாதிரி. இறக்கிவிட்டோம் என்று நிமிர்ந்தால் மறுபடி முருங்கையில் தொங்கும். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நின்றாலே அது முளைக்கத் தொடங்கும். மே முதல் செப்டெம்பர் வரை வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவதைப் பார்ப்பதே அபூர்வம். ஈரத்தோடு துடைக்கக் கூடாது. துடைத்தால் வித்துக்கள் தாளுக்குள் தேய்ந்து ஏறும். முதலில் காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் விரித்துக் காய வைக்க வேண்டும். பிறகு வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் ஒரே திசையில் தட்டி எடுக்க வேண்டும். வெயிலில் அரை மணிக்குமேல் வேண்டாம், பழுப்பு ஏறும். பூச்சி உருண்டையைப் போட்டு வைத்தால் பூஞ்சணம் வராது என்பது பொய். அது பூச்சிக்குத்தான். வெள்ளிப் பூச்சிக்கும்கூட அதைவிட நல்ல வழி உண்டு: இதழ்களைப் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்காமல் விட வேண்டும். உடனே திறந்தால் குளிர்ந்த தாளின் மேல் நீர் படியும்.

பின்னைக் கழற்றும் வேலையை மழை ஓய்ந்த மாதத்தில் வையுங்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் பெப்ரவரி, மார்ச். பதுளை, பண்டாரவளைப் பக்கம் மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை என்பதால் அவர்களுக்கு ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தோது. பின் பிடுங்கும் கருவியைத் தொடவே வேண்டாம். துருப்பிடித்த தாளைக் கடித்துப் பிய்த்துவிடும். நடுப்பக்கத்தை விரித்து, பின்னின் காலுக்கடியில் தடித்த பேப்பர் துண்டொன்றைச் சொருகி, மழுங்கிய கத்தியின் நுனியால் காலை நிமிர்த்துங்கள். துருவேறிய கால் ஒடிந்தால் இழுக்காதீர்கள். இதழைக் கவிழ்த்து முதுகுப் பக்கத்திலிருந்து எடுங்கள். தூளைத் தூரிகையால் தட்டுங்கள், ஊத வேண்டாம். அதே துளைகளில் மெழுகு தேய்த்த பருத்தி நூல் இரண்டு சுற்று, முடிச்சு உள்ளே. துளை பெரிதாகியிருந்தால் மெல்லிய டிஷ்யூத் தாள் பட்டியொன்றை நடுமடிப்பில் ஒட்டி, காய்ந்த பிறகு தைக்க வேண்டும். செலோடேப் ஒட்டிய இதழை இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். டேப் ஒரு நாள் உதிர்ந்து விழும், பசை தாளிலேயே நின்று எண்ணெய்க் கறைபோல் பழுக்கும்.

பசைக்குக் கோதுமை மா இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் ஒரு கோப்பை, கட்டி தட்டாமல் கிளறிக் கஞ்சிப் பதத்தில் இறக்க வேண்டும். பைண்டிங்காரர்கள் பூச்சிக்கென்று துருசு போடுவார்கள். அதிலுள்ள செம்பும் இரும்பைப்போலத் தாளை அரிக்கும் என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சொன்னாலும் போடுவார்கள். பைண்டிங்காரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை இன்னும் மூன்று உண்டு. அட்டைகளைக் கழற்றி வீசாதே. ஓரத்தை மெசினில் வெட்டாதே. ஒரு கட்டுக்கு ஆறு இதழுக்குமேல் சேர்க்காதே. பன்னிரண்டைச் சேர்த்தால் 768 பக்கம், நடுமடிப்புத் திறக்காது, பிள்ளைகள் அழுத்தித் திறக்க முதுகு பிளக்கும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, படத்தின் கீழ் வரியோடு சேர்த்து ஓரத்தை வெட்டித் தந்த மகானும் உண்டு.

வைக்கும் இடத்துக்குத் தேயிலைப் பெட்டியை மிஞ்ச ஒன்றுமில்லை. பலகை, விளிம்பில் தகரம், உள்ளே ஈயத்தாள். தேயிலைக்கு ஈரம் ஏறாமல் காக்கச் செய்த பெட்டி இதழுக்கும் அதே காவலைத் தரும். ஆனால் ஈரமான இதழை உள்ளே வைத்து மூடினால் ஈரமும் வெளியே போகாது. பெட்டிக்குள் பூஞ்சணத்துக்குக் கல்யாணம். இப்போது தேயிலை கடதாசிச் சாக்கில் போவதால் நல்ல பெட்டி கிடைப்பது கஷ்டம். கிடைத்தால் அடியில் இரண்டு றீப்பை (மரச் சட்டம்) வைத்துத் தரையிலிருந்து உயர்த்தி, வெளிச்சுவரில் முட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஈரம் உறிஞ்ச உள்ளே போடும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் சூடாக்கி மறுபடி போடலாம். லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில்) அடுப்புக்கு மேலே பரணில் வைக்கும் பழக்கத்தைக் குறை சொல்லமாட்டேன். புகை ஈரத்தையும் பூச்சியையும் அண்டவிடாது. ஆனால் தாள் கறுக்கும், அடுப்புச் சூட்டில் சீக்கிரம் நொறுங்கவும் செய்யும்.

பிள்ளைகள் விஷயம். தொகுப்பு எவர் வீட்டிலிருந்து வந்திருந்தாலும் வேதாளக் கதையின் கடைசித் தாளில் கீழ் மூலை அதிகம் தேய்ந்திருக்கும். வேதாளம் கேள்வி கேட்ட இடத்தில் தாளைத் திருப்பாமல் பிடித்துக்கொண்டு, 'நீ சொல்லு, நீ சொல்லு' என்று சண்டை போட்ட விரல்களின் தேய்மானம் அது. பதில் தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும், பேசினால் பிணம் மரத்துக்குப் போய்விடும். எட்டு வயதுப் பிள்ளையை நீதி நியாயம் வாதாட வைக்க இதைவிடச் சுருக்கமான ஏற்பாடு வேறு சஞ்சிகையில் இல்லை.

காமிக்ஸ்களைப் பற்றியும் கேட்டார். 1972இல் வந்த முத்து, 1984இல் வந்த லயன், அதே வருடத்து ராணி எல்லாம் சட்டைப்பைக்குள் போய் வந்ததால் அட்டையில்லாமல்தான் கிடைக்கும். அம்புலிமாமாத் தொகுப்பில் இடையில் சில வருடங்கள் விடுபட்டிருந்தால் கடைக்காரரைத் திட்டாதீர்கள். 70களின் முற்பகுதியில் இலங்கையில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது; வந்த கொஞ்சமும் கை மாறி மாறி நைந்தது.

கோபம் வருவது நம் சஞ்சிகைகளை நினைத்தால்தான். டொமினிக் ஜீவாவின் மல்லிகை 1966இலிருந்து 2012 வரை வந்தது. சுந்தரின் நகைச்சுவைச் சஞ்சிகை சிரித்திரனில் சவாரித்தம்பர் கேலிச்சித்திரங்களைத் தேடிப் படித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இவை இரண்டையும் நூலகம் திட்டம் 2005க்குப் பிறகு ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியது, தப்பித்தோம். மலையகத்தில் வந்த தீர்த்தக்கரை, குன்றின் குரல், நந்தலாலா, அந்தனி ஜீவாவின் கொழுந்து? சில நூறு பிரதி, கையில் கிடைத்த தாள், மலிவு மை. லயத்தையும் பெரட்டுக் களத்தையும் (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) அச்சில் பார்த்து ஒரு பிள்ளை 'இது நம்ம கதை' என்று நிமிர்ந்து உட்கார்ந்தது இவற்றில்தான். ராஜகுமாரன் குதிரையேறிப் போகும் காட்டில் ஒரு தேயிலைச் செடிகூடக் கிடையாது. ஆனால் ராஜகுமாரன் நாலு வண்ணத்தில் இன்றும் மினுங்குகிறான். கொழுந்து பறிக்கும் பெண்ணைப் பற்றிய கதை எந்த மலையைப் பற்றியதோ அந்த மலையின் ஈரத்திலேயே கூழாகிறது.

ஆகவே நண்பருக்குப் பதில்: வாங்க வேண்டாம். ஆறு வருடம் என்றால் 72 இதழ், 144 பின். ஒரு இதழுக்கு முக்கால் மணி என்றாலும் 54 மணி நேரம். அந்த உழைப்பை ஒரு கட்டு நந்தலாலாவுக்கோ குன்றின் குரலுக்கோ கொடுங்கள். பிள்ளைகளுக்கு வேதாளம் வேண்டுமென்றால் புதுப் பதிப்புப் புத்தகம் கிடைக்கும்.

அப்படியும் கடைப் பக்கம் போகத்தான் போகிறீர்கள் என்றால், பேரம் பேசுமுன் நடுப்பக்கத்தை விரித்துப் பழுப்பு வட்டத்தைக் காட்டுங்கள். விலை இறங்கும். இறங்காவிட்டாலும் சங்கர் படம் முழுசாக உள்ள இதழ்களைப் பிரித்துக் கேளுங்கள். பிரித்துக் கொடுக்கமாட்டேன் என்றால், சரி, எல்லாவற்றையும் எடுங்கள். நூலும் மெழுகும் பெப்ரவரிக்குள் வாங்கி வையுங்கள்.