பழைய பஸ்ஸுக்கு எல்இடி ஹெட்லைட்: பெட்டியை நம்பாதீர்கள், கண்ணாடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள்

2010 மாடல் லேலண்ட் சேசிஸ், கரூரில் பாடி கட்டிய 24 வோல்ட் வண்டி. 7 அங்குல வட்ட டூம் (ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும் சேர்ந்த விளக்குக் கூடு), உள்ளே எச்-4 ஹாலஜன் பல்பு. இரவில் வெளிச்சம் போதவில்லை என்பதால் ஒரு ஆக்சசரீஸ் கடையில் "இ-மார்க் உள்ள அயிட்டம், எஃப்.சி.யில் (தகுதிச் சான்றுச் சோதனை) தாராளமாகப் பாஸாகும்" என்று சொல்லி விற்ற எல்இடி ஹெட்லைட்டை ஜோடி 13,500 ரூபாய்க்கு வாங்கினோம். பொருத்துகூலி 1,500.

பதினோராம் நாள் இடது விளக்கு அணைந்தது. கடையிலிருந்து வந்த ஆள் ஒரு மணி நேரம் வேலை பார்த்து எரிய வைத்துவிட்டுப் போனார். எஃப்.சி.க்குப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் டிம் லைட்டைப் போடச் சொல்லி எதிரே நின்று பார்த்தார், அந்த இடத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார். நான்காம் மாதம் இரண்டு பேட்டரியும் செத்தன. விளக்கைக் கழற்றி, வயரைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்ததில் தெரிந்தவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறோம். இதே விளக்கு வேறு வேறு பெயரில் எல்லா ஊர்க் கடைகளிலும் தொங்குகிறது.

முதல் ஏமாற்று, அந்த இ-மார்க். பெட்டியில் "டி.ஓ.டி., எஸ்.ஏ.இ., இ.சி.இ., சி.இ." என்று நான்கும் வரிசையாக அச்சடித்திருந்தார்கள். இதில் சி.இ. என்பது ஹெட்லைட்டின் ஒளிவீச்சுக்கான அங்கீகாரமே கிடையாது. டி.ஓ.டி. என்பது அமெரிக்காவில் தயாரிப்பாளர் தானே தனக்குப் போட்டுக்கொள்ளும் முத்திரை, அரசு சோதித்துக் கொடுப்பதல்ல. உண்மையான இ.சி.இ. அங்கீகாரம், அதாவது இ-மார்க், பெட்டியில் இருக்காது, விளக்கின் கண்ணாடியிலேயே இருக்கும். வட்டத்துக்குள் ஆங்கில இ எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண் அங்கீகாரம் கொடுத்த நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். பக்கத்திலேயே அங்கீகார எண் வரும். ஐ.நா. விதி 112-ன்படி வந்த விளக்கென்றால் எச்.சி. (டிம் மட்டும்), எச்.ஆர். (பிரைட் மட்டும்), எச்.சி.ஆர். (இரண்டும்) போன்ற எழுத்துகள் இருக்கும். பிரைட் உள்ள விளக்கில் 12.5, 17.5, 20 போல ஒரு எண்ணும் இருக்கும். நாங்கள் வாங்கியதில் வட்டமும் இல்லை, அங்கீகார எண்ணும் இல்லை. வெறும் இ எழுத்தும் 9 என்ற எண்ணும் ஒட்டி நின்றன, அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமானது அம்புக்குறி. இதைக் கடைக்காரர்களில் பலரே பார்ப்பதில்லை. விளக்குக்கு எதிரே நின்று கண்ணாடியைப் பாருங்கள். உங்கள் வலது கைப் பக்கம் காட்டும் அம்பு இருந்தால் அது இடது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கு, நமக்கு வேண்டியது அதுதான். இரண்டு முனையும் உள்ள அம்பு என்றால் இரண்டு வகைச் சாலைக்கும் மாற்றிக்கொள்ளலாம். அம்பே இல்லையென்றால் வலது பக்கம் ஓட்டும் நாட்டுக்காகச் செய்தது. எங்களுடையதில் அம்பு இல்லை.

இது சின்ன விஷயமல்ல. டிம் லைட்டைச் சுவரில் அடித்தால் மேல் விளிம்பில் ஒரு கோடு தெரியும். நம் நாட்டு விளக்கில் அந்தக் கோடு வலது பாதியில் தட்டையாக ஓடி, இடது பாதியில் மேலே ஏறும். ஏறும் பகுதி நம் பக்க ஓரத்தையும், நடந்து போகிறவரையும், மைல்கல்லையும் காட்டுவதற்கு. தட்டையான பகுதி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல் இருப்பதற்கு. வலது பக்க நாட்டு விளக்கில் இது தலைகீழ், ஏறும் வெளிச்சம் நேராக எதிர் வண்டி டிரைவரின் முகத்துக்குப் போகும். எவ்வளவு திருகினாலும் தீராது. "கொஞ்சம் கீழே இறக்கி வைத்தால் சரியாகிவிடும்" என்று கடையில் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் உள்ள விளக்கை 1 சதவீதம் (100 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம்) தாழ்த்தினால் கோடு 90 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். கண் கூசாமல் இருக்க 4 சதவீதம் இறக்கினால் 22 மீட்டரிலேயே முடிந்துவிடும். 60 கி.மீ. வேகத்தில் அது ஒன்றரை நொடிகூட இல்லை. அதற்குள் ஐம்பது பேரை ஏற்றிய வண்டியை யாராலும் நிறுத்த முடியாது.

இரண்டாவது ஏமாற்று வோல்டேஜ். பெட்டியில் "9–32 வோல்ட்" என்றிருந்தது. செத்த விளக்கின் டிரைவர் போர்டை (எல்இடிக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் சர்க்யூட்) திறந்தால் உள்ளே 35 வோல்ட் வரை மட்டுமே தாங்கும் கெபாசிட்டர். ஓடும்போது பஸ்ஸில் 28 வோல்ட் சுமார் இருக்கும், அதனால் பத்து நாள் தாங்கியது. ஆனால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பேட்டரித் தொடர்பு ஒரு கணம் விட்டால், பாதுகாப்பில்லாத 24 வோல்ட் வண்டியில் 150 வோல்ட்டுக்கு மேலும் துள்ளும். பழைய வண்டியில் தளர்ந்த பேட்டரி டெர்மினல் ஒன்றும் அபூர்வமில்லை. இந்தத் துள்ளலைத் தாங்கும் பாதுகாப்பு டையோடு எதுவும் அந்தப் போர்டில் இல்லை. "110 வாட்" என்பதும் பொய். கிளாம்ப் மீட்டரில் 28 வோல்ட்டில் 0.9 ஆம்பியர் காட்டியது, அதாவது 25 வாட்.

மூன்றாவதுதான் எங்களுக்கு உண்மையிலேயே ஆத்திரத்தைக் கொடுத்தது. "சரிசெய்ய" வந்தவர் போட்டுவிட்டுப் போனது 12 வோல்ட் விளக்கு. பஸ்ஸின் 24 வோல்ட் என்பது இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்தது. அந்த விளக்குக்குக் கரன்ட்டை இரண்டு பேட்டரிக்கும் நடுவில் உள்ள இணைப்பிலிருந்து இழுத்திருந்தார். விளக்கு நன்றாகவே எரியும். ஆனால் எர்த் பக்கத்துப் பேட்டரி மட்டும் தினமும் இரவில் கூடுதலாக வடியும். ஆல்டர்னேட்டரோ இரண்டையும் ஒன்றாகத்தான் சார்ஜ் செய்கிறது, மொத்தம் 28 வோல்ட் வந்துவிட்டதா என்றுதான் அதற்குத் தெரியும். விளைவு, ஒரு பேட்டரி எப்போதும் பாதி வயிறு, இன்னொன்று அளவுக்கு மீறி ஏறித் தண்ணீர் கொதித்து வற்றும். இரண்டும் சேர்ந்தே போகும். ஏற்கெனவே எல்இடி போட்டிருப்பவர்கள் இன்றைக்கே வண்டியை ஓட விட்டு ஒவ்வொரு பேட்டரியையும் தனியாக மீட்டரில் பாருங்கள். இரண்டும் 14 வோல்ட் பக்கத்தில், ஒன்றுக்கொன்று 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசமில்லாமல் இருக்க வேண்டும். ஒன்றில் 13, இன்னொன்றில் 15 என்றால் நடுவில் யாரோ வயர் இழுத்திருக்கிறார்கள். அந்த வயரை எடுத்துவிடுங்கள். 12 வோல்ட் சாமான் கட்டாயம் வேண்டுமென்றால் 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர் போட வேண்டும்.

டூமை மாற்றாமல் எச்-4 பல்பு இருந்த இடத்தில் எல்இடி பல்பைச் செருகுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகமில்லை: செய்யாதீர்கள். எச்-4 பல்பின் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அந்த இழை எங்கே இருக்கிறதோ அந்தப் புள்ளிக்காகத்தான் பின்னால் உள்ள ரிஃப்ளெக்டரை வளைத்திருக்கிறார்கள். இருபுறமும் சில்லு ஒட்டிய எல்இடி அந்த வடிவத்துக்குள் அடங்காது, வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். "ஜெர்மனியில் அனுமதி இருக்கிறதே" என்று வாதிடுவார்கள். 2020 முதல் அங்கே சில குறிப்பிட்ட பல்புகளுக்கு, குறிப்பிட்ட வண்டி மாடலுக்கு, குறிப்பிட்ட டூமுக்கு மட்டும் பட்டியல் போட்டு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். கரூர் பாடி கட்டிய லேலண்ட் அந்தப் பட்டியலில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சேர்த்த 182ஏ பிரிவின் 4-ஆம் உட்பிரிவில் அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. விற்ற கடைக்காரர் பக்கத்தில் நிற்க மாட்டார். மத்திய மோட்டார் வாகன விதி 106, டிம் லைட் எதிரில் இருப்பவர் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் வலப்பக்கம், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருப்பதாக அளவு. இன்ஸ்பெக்டர் எதிரே வந்து நின்றதும் இதற்குத்தான். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் வரும், தப்பித்துப் போகலாம் என்று நினைக்க வழியில்லை.

அப்படியானால் என்ன செய்வது? எல்இடி வாங்கும் முன் இருக்கிற ஹாலஜனைச் சரியாகப் பாருங்கள். எங்கள் வண்டியில் ஆல்டர்னேட்டரில் 27.8 வோல்ட், விளக்கு எரியும்போது பல்பு கப்ளரில் (பல்பைச் செருகும் முனை) 23.1 வோல்ட். ஹாலஜனின் வெளிச்சம் வோல்டேஜோடு ஒரே அளவில் குறைவதில்லை, 10 சதவீதம் வோல்டேஜ் குறைந்தால் 30 சதவீதம் வெளிச்சம் போய்விடும். இந்தக் கணக்கில் பாதி வெளிச்சம் வயரிலேயே கரைந்துகொண்டிருந்தது. தேய்ந்த டிம் சுவிட்ச், துருப்பிடித்த எர்த், மெலிந்த பழைய வயர், இவை மூன்றும்தான் காரணம்.

செய்ய வேண்டியது: டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு 24 வோல்ட் ரிலே (சின்னக் கரன்ட்டைக் கொண்டு பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்). பழைய ஹெட்லைட் வயரை ரிலேயின் 86 என்ற எண்ணுள்ள முனைக்குக் கொடுத்து, 85-ஐ எர்த் செய்யுங்கள். மெயின் சப்ளையிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயரில் 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு 30-க்கு, 87-லிருந்து விளக்குக்கு. ஃபியூஸ் சப்ளை எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், விளக்குப் பக்கத்தில் அல்ல. எர்த் வயரை டூம் தகட்டில் முடிக்காமல் சேசிஸ் வரை கொண்டுபோய், பெயின்ட்டைச் சுரண்டி, போல்ட் போட்டு இறுக்குங்கள். கப்ளர் கருகியிருந்தால் மாற்றிவிடுங்கள். இதைச் செய்தபின் எங்கள் கப்ளரில் 27.3 வோல்ட் வந்தது. நல்ல கண்ணாடி டூமும் 75/70 வாட் 24 வோல்ட் எச்-4 பல்பும் போட்டால் பெரும்பாலான வண்டிகளுக்கு இதுவே போதும், எஃப்.சி.யில் கேள்வியும் வராது. 100/90 வாட் பல்பு போடாதீர்கள், டூமின் வெள்ளிப் பூச்சு கருகும், சட்டப்படியும் தப்பு.

இதற்குப் பிறகும் எல்இடிதான் வேண்டுமென்றால் முழு விளக்காக மட்டுமே மாற்றுங்கள். உங்கள் சேசிஸ் கம்பெனியே அதே மாடலின் பிந்தைய வண்டிக்கு எல்இடி கொடுத்திருந்தால், அந்த ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்டைக் கேளுங்கள். வெளியில் வாங்குவதென்றால் இந்தியச் சோதனை நிலையம் கொடுத்த சான்றிதழின் நகலைக் கேளுங்கள். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னை ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. போன்றவை சோதனை செய்யும் இடங்கள். நகலில் உள்ள மாடல் எண்ணும் விளக்கில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வாங்கும் முன்பே நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே சுவர்ச் சோதனை செய்யுங்கள். இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து, விளக்கைச் சுவரிலிருந்து 5 மீட்டரில் வைத்து டிம் போடச் சொல்லுங்கள். வலது பாதி தட்டை, இடது பாதி ஏற்றம், கோட்டுக்கு மேலே இருட்டு. இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வாங்காதீர்கள். சோதித்துக் காட்ட முடியாது என்று சொல்லும் கடையில் வாங்கவே வேண்டாம். பக்கத்தில் ஒரு எஃப்.எம். ரேடியோவைப் போட்டு வைத்தால் இன்னொன்றும் தெரியும்: விளக்கு எரிந்ததும் இரைச்சல் வந்தால் உள்ளே உள்ள டிரைவர் போர்டு மட்டம், வண்டியில் உள்ள ஜி.பி.எஸ். கருவிக்கும் அது தொந்தரவு கொடுக்கலாம். நீலம், சிவப்பு வளையம் எரியும் மாடலைத் தொடவே வேண்டாம். முன்பக்கம் சிவப்பு காட்டுவதை விதி 108 தடுக்கிறது.

பொருத்தும்போது பின்பக்க ஆழத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். எல்இடியின் பின்னால் சூடு வெளியேற்றும் அலுமினியத் துடுப்புகள் இருக்கும், விளக்கு உட்காரும் பழைய குண்டான் இடித்தால் கிரைண்டரால் அறுக்கச் சொல்வார்கள். அறுத்தால் அங்கே துருவும் ஏறும், தண்ணீரும் ஏறும். விளக்கு கனமானது என்பதால் உடைந்த பிளாஸ்டிக் நட்டும் தளர்ந்த திருகும் மாற்றப்பட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு குழியிலும் வெளிச்சம் ஆடும்.

அட்ஜஸ்ட்மென்ட்டுக்குச் சமதரை, டயரில் சரியான காற்று, சுவரிலிருந்து 10 மீட்டர். விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைச் சுவரில் குறியுங்கள். விளக்கு 1 மீட்டர் உயரத்துக்குள் இருந்தால் கோடு அந்தக் குறிக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே, 1 மீட்டருக்கு மேல் என்றால் 15 முதல் 20 செ.மீ. கீழே விழ வேண்டும். ஆள் ஏறியதும் பின்பக்கம் அமுங்கி வெளிச்சம் மேலே ஏறும், அதனால் காலி வண்டியில் கீழ் எல்லையை ஒட்டியே வையுங்கள். விளக்கின் முன்கண்ணாடி பாலிகார்பனேட் (ஒரு வகை பிளாஸ்டிக்) என்றால் டீசல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள், வெடிப்பு விட்டுப் பூத்துப்போகும். சோப்புத் தண்ணீர் போதும்.

பில் விஷயத்தில் நாங்கள் செய்த தவறு, "எல்இடி லைட் 1 செட்" என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டை வாங்கிக்கொண்டது. ஜி.எஸ்.டி. பில்லில் மாடல் எண், 24 வோல்ட், அங்கீகார எண், இடது பக்கச் சாலைக்கானது, எஃப்.சி.யில் நிராகரித்தால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்று எழுதி வாங்குங்கள். பெட்டியையும் கண்ணாடியையும் படமெடுத்து வையுங்கள். ஏமாந்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. ஒரு எச்சரிக்கை: வியாபாரத்துக்காக வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதிடும். சொந்தப் பிழைப்புக்காக வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, புகாரின் முதல் பத்தியிலேயே அதை எழுதிவிடுங்கள்.