திறக்காத பக்கமும் பழைய கணினியும்: பிரவுசரை மாற்றுவதா, விண்டோஸையே மாற்றுவதா?

எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் சிறிய அச்சகம் ஒன்று இருக்கிறது. அதன் மூலையில் ஒரு பென்டியம் 4 கணினி. நினைவகம் 1 ஜிபி, உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி. பக்கங்களை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 அதில்தான் ஓடுகிறது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களும் அதில்தான் இருக்கின்றன. அந்த எழுத்துரு மென்பொருளின் உரிமப் பூட்டு பின்புறம் பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகியிருக்கிறது. இன்றைய கணினிகளில் அந்தத் துளையே கிடையாது என்பதால், அந்தப் பெட்டியைக் கோயில் மூலவரைப் போல இடம் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்.

அச்சக உரிமையாளர் ஒருநாள் கூப்பிட்டார். “தம்பி, நெட் இருக்கிறது என்று காட்டுகிறது. ஆனால் ஒரு பக்கமும் திறக்க மாட்டேன் என்கிறது.” அதே வாரம் பெரியப்பா வீட்டிலிருந்தும் ஏறக்குறைய இதே சொற்களில் புகார் வந்தது. அவருடையது விண்டோஸ் 7. கோர் 2 டுவோ, 2 ஜிபி நினைவகம். இரண்டையும் சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான், இணையத்தில் ஆளுக்கொன்றாகச் சொல்லும் வைத்தியங்களில் எது எந்த நோய்க்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

பெரியப்பாவின் கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கறுப்புத் திரையில் நின்று, எஃப்1 விசையை அழுத்தச் சொல்கிறதாம். அவரும் ஒரு வருடமாக அழுத்திக்கொண்டிருக்கிறார்! வலது கீழ் மூலையில் தேதியைப் பார்த்தேன்: 2007 ஜனவரி 1. இன்றைய தளங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரு பாதுகாப்புச் சான்றிதழைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குகின்றன. சான்றிதழில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் உண்டு. கணினி 2007-ல் நின்றுகொண்டிருந்தால், பிரவுசரின் கணக்குப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் கதவைச் சாத்திவிடுகிறது. தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்துபோனதுதான் காரணம். பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தியதும் பாதிப் பக்கங்கள் திறந்துகொண்டன. பிரவுசரை நீக்குவது, மீண்டும் நிறுவுவது என்று இறங்குவதற்கு முன் மூலையில் உள்ள கடிகாரத்தை ஒருமுறை பாருங்கள். என்னிடம் வரும் புகார்களில் கணிசமானவை அங்கேயே முடிந்துவிடுகின்றன.

கடிகாரம் சரியாக இருந்தால் பிழைச் செய்தியைப் படியுங்கள்; அதை யாரும் படிப்பதில்லை. ‘நேம் நாட் ரிசால்வ்டு’ என்று வந்தால் பிரவுசர் மேல் குற்றமில்லை, தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சேவை கிடைக்கவில்லை. அதே வைஃபையில் செல்போன் வேலை செய்தால், கணினியில் யாரோ எப்போதோ கையால் எழுதிவைத்த டிஎன்எஸ் முகவரியையோ ப்ராக்ஸி என்ற இடைத்தரகர் கணினியின் முகவரியையோ நீக்கித் தானியங்கிக்கு மாற்றுங்கள். ‘வெர்ஷன் ஆர் சைஃபர் மிஸ்மேட்ச்’ என்றால் பிரவுசருக்கும் தளத்துக்கும் பொதுவான பாதுகாப்பு மொழி இல்லை. சான்றிதழை வழங்கியவர் யாரென்று தெரியவில்லை என்று சொன்னால், தளங்களின் சான்றிதழ்களுக்கு உத்தரவாதம் தரும் புதிய மூலச் சான்றிதழ் கணினியில் இல்லை. எந்தப் பிழையும் இல்லாமல் வெள்ளைத் தாளாகப் பக்கம் நின்றால், பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இந்தப் பிரவுசருக்குப் புரியவில்லை. கடைசி மூன்றுக்கும்தான் மாற்று தேட வேண்டும்.

எக்ஸ்பிக்கு யார்?

எக்ஸ்பியோடு வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை, அதன் கடைசிப் பதிப்பான 8 வரை, கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். அதற்குத் தெரிந்தது டிஎல்எஸ் என்ற அந்தப் பாதுகாப்பு மொழியின் 1.0 பதிப்பு மட்டும், அது 1999-ல் எழுதிய விதி. பெரிய பிரவுசர்கள் 2020-ல் அதைக் கைவிட்டன, 2021 மார்ச்சில் முறைப்படி ஓய்வும் கொடுத்துவிட்டார்கள். தளங்களும் பெரும்பாலும் குறைந்தது 1.2 கேட்கின்றன. எக்ஸ்ப்ளோரரின் அமைப்புகளில் எத்தனை பெட்டிகளில் டிக் போட்டாலும் இல்லாத மொழி வந்துவிடாது.

அடுத்தது குரோம் 49-ஆ, ஃபயர்பாக்ஸ் 52-ஆ என்ற பழைய சண்டை. எக்ஸ்பிக்கு முறைப்படி வந்த கடைசிப் பதிப்புகள் இவை. கூகுள் 2016-ல் நிறுத்திக்கொண்டது. ஃபயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு 2018 வரை தாக்குப்பிடித்தது. பெயருக்காகக் குரோமைத் தேடிப் போகிறவர்கள் அதிகம். என் தீர்ப்பு ஃபயர்பாக்ஸ் பக்கம்தான். குரோம் 49 மூலச் சான்றிதழ்களுக்கு விண்டோஸின் பெட்டியைத்தான் நம்பியிருக்கிறது. எக்ஸ்பியின் பெட்டியோ தூசி படிந்தது. ஃபயர்பாக்ஸ் தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தானே சுமந்து வருகிறது. 2021 செப்டம்பர் 30-ல் டிஎஸ்டி ரூட் எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் காலாவதியானது. லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவசச் சான்றிதழைப் பயன்படுத்திய ஏராளமான தளங்கள் பழைய கருவிகளில் அன்றோடு திறக்காமல் போயின. அந்த நிறுவனத்தின் சொந்த மூலச் சான்றிதழை ஃபயர்பாக்ஸ் 50-ம் பதிப்பிலேயே ஏற்றுக்கொண்டிருந்ததால் 52 அந்தப் பள்ளத்தில் விழவில்லை. பக்க அமைப்புக்கான கிரிட் வசதியும் 52-ல் உண்டு. குரோம் அதைக் கற்றுக்கொண்டது 57-ல்.

ஆனால் 52-க்கும் வயதாகிவிட்டது. 2020-ல் பிரவுசர்களுக்கு வந்த சில ஜாவாஸ்கிரிப்ட் குறியீடுகளில் ஒன்று, ஒரேயொரு கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்தது, நிரலில் எங்காவது இருந்தால் போதும்; அந்த நிரல் முழுவதையும் 52 ஒதுக்கிவிடும். திரை வெள்ளையாகவே இருக்கும். புதிய பிரவுசர் என்று பொய்ப் பெயர் சொல்லவைக்கும் தந்திரம் வாசல் காவலரை ஏமாற்ற மட்டுமே உதவும். உள்ளே போனதும் மொழி தெரியாமல் விழிக்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் தன்னார்வலர்களின் பிரவுசர்கள் வருகின்றன. மைபால் 68 என்பது ஃபயர்பாக்ஸ் 68-லிருந்து பிரிந்தது. சூப்பர்மியம், குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தின் புதிய பதிப்புகளை எக்ஸ்பியில் ஓடும்படி மாற்றித் தருகிறது. அச்சகக் கணினியில் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். மைபால் லேசானது, செய்தித் தளங்கள், எழுத்து அதிகமுள்ள பக்கங்களை முணுமுணுக்காமல் திறந்தது. மின்னஞ்சல் பெட்டியில் திணறியது. சூப்பர்மியத்தில் ஏறக்குறைய எல்லாமே திறந்தன. ஆனால் 1 ஜிபி நினைவகத்தில் மூன்றாவது தாவலைத் திறந்ததும் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைக்கத் தொடங்கியது. சுட்டி நகரவே அரை நிமிடம் ஆனது. 2 ஜிபி இருந்தால் சூப்பர்மியம், இல்லாவிட்டால் மைபால் என்பது என் கணக்கு. பென்டியம் 3, அத்லான் எக்ஸ்பி போன்ற செயலிகளில் எஸ்எஸ்இ2 என்ற கட்டளைத் தொகுப்பு கிடையாது. அவற்றில் ஃபயர்பாக்ஸ் 52-கூட எழுந்திருக்காது என்பதால் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தமிழ் பற்றி ஒரு வார்த்தை. பக்கம் திறந்தும் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பிரவுசரைத் திட்டாதீர்கள். எக்ஸ்பியில் இந்திய மொழிகளுக்கான ஆதரவைத் தனியாக நிறுவ வேண்டும். கன்ட்ரோல் பேனலின் வட்டார, மொழி அமைப்புகளில் சிக்கலான வரிவடிவங்களுக்கான பெட்டியில் டிக் போட்டால், லதா எழுத்துரு வந்து சேரும். எக்ஸ்பி சிடியைக் கேட்கும். அதைத் தேடி எடுப்பதுதான் கஷ்டம். அச்சகத்தில் அது பழைய பத்திரிகை மாதிரிகளுக்கு அடியில் கிடைத்தது.

விண்டோஸ் 7-ல் போட்டி எளிது

குரோமுக்கு 109 கடைசி. 2023 பிப்ரவரியில் வந்த 110 விண்டோஸ் 10-க்குக் கீழே இறங்கவில்லை. ஃபயர்பாக்ஸுக்கு 115-ன் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. இரண்டும் இன்றைக்குப் பெரும்பாலான பக்கங்களைத் திறந்துவிடும் என்பதால் வேகத்தை வைத்துச் சண்டை போட வேண்டியதில்லை. வித்தியாசம் பராமரிப்பில் இருக்கிறது. கூகுள் கணக்கை முடித்துவிட்டது. மோசில்லா 115-ஐ நிறுத்தும் தேதியை ஒருமுறைக்கு மேல் தள்ளிவைத்துப் பாதுகாப்புத் திருத்தங்களைக் கொடுத்தது. அந்தத் தவணையும் என்றோ ஒருநாள் முடியத்தான் போகிறது. ஆனாலும் இரண்டில் ஒன்று என்றால் ஃபயர்பாக்ஸ்தான். ஏற்கெனவே ஃபயர்பாக்ஸ் இருக்கிறது, ஆனால் துணைநிரல்கள் எல்லாம் திடீரென்று செத்துப்போயின என்கிறவர்கள் பதிப்பு எண்ணைப் பாருங்கள். மோசில்லாவின் ஒரு மூலச் சான்றிதழ் 2025 மார்ச் 14-ல் காலாவதியானது. 115.13-க்கு முந்தையது என்றால் காரணம் அதுதான். விளம்பரத் தடுப்பான் ஒன்றைச் சேர்த்துவிட்டால் 2 ஜிபி கணினியும் மூச்சு விடும்.

பக்கமே திறக்காத கணினியில் புதிய பிரவுசரை எப்படிப் பதிவிறக்குவது? வேறு கணினியில் முழு நிறுவல் கோப்பை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவர வேண்டும். நானும் புத்திசாலித்தனமாக 64 ஜிபி பென்டிரைவோடு அச்சகத்துக்குப் போனேன். எக்ஸ்பி அதைப் படிக்காமல் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. பெரிய பென்டிரைவ்கள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பு முறையில் வருகின்றன. தனித் திருத்தம் போடாத எக்ஸ்பிக்கு அது தெரியாது. வீட்டுக்குத் திரும்பி, 8 ஜிபி பழைய பென்டிரைவை ஃபேட்32-ல் தயார் செய்து மறுபடியும் போனேன்.

அடியோடு மாற்றினால்

பிரவுசர் எவ்வளவு புதியதாக இருந்தாலும் அதன் கீழே இருக்கும் இயங்குதளம் பழையதுதான். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ல். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியபோது எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக ஒரு திருத்தம் கொடுத்தது. எப்போதும் அப்படி வரும் என்று நம்பி உட்கார முடியாது. ஆகையால் வங்கி, ஓடிபி, ஆதார் சம்பந்தப்பட்ட எதையும் இந்தக் கணினிகளில் சூப்பர்மியம் போட்டுக்கூடச் செய்யாதீர்கள் என்பேன். இந்த விஷயத்தில் நான் கறார்.

இணையத்துக்காகவே அந்தக் கணினி வேண்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ்தான் வழி. இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் 32 பிட் என்று காட்டினால் கணினியும் 32 பிட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கோர் 2 டுவோ எல்லாமே 64 பிட் செயலிகள். கடைக்காரர் 32 பிட் விண்டோஸைப் போட்டுக் கொடுத்திருப்பார், அவ்வளவுதான். 64 பிட் என்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு என் முதல் தேர்வு. 2 ஜிபியில் ஓடும், 4 ஜிபியில் நன்றாக ஓடும். உண்மையான 32 பிட் என்றால் லினக்ஸின் வேறு வகைகளான ஆன்டிஎக்ஸ் இருக்கிறது, டெபியன் 12 இருக்கிறது. ஆனால் அந்தச் சாலையும் குறுகிவருகிறது. லினக்ஸில் 32 பிட் குரோம் 2016-லேயே நின்றுவிட்டது. ஃபயர்பாக்ஸும் 144-ம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. டெபியன் 13-க்கு 32 பிட் நிறுவல் கோப்பே இல்லை.

கூகுளின் இயங்குதளமான குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸும் போட்டியில் உண்டு. 64 பிட் செயலி, 4 ஜிபி நினைவகம், 16 ஜிபி இடம் கேட்கும். 2010-க்கு முந்தைய பாகங்களில் அனுபவம் நன்றாக இருக்காது என்று கூகுளே எச்சரிக்கிறது. விண்டோஸோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தாது, வட்டு முழுவதையும் துடைத்துவிட்டுத்தான் குடியேறும். கொஞ்சம் புதிய மடிக்கணினிக்கு ஆகும். இந்த இரண்டு பெட்டிகளுக்கும் ஆகாது.

எதை நிறுவுவதற்கு முன்பும் லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வட்டைத் தொடாமல் வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துவிடும். தமிழ் எழுத்துருக்கள் பிரச்சினையே இல்லை. லோஹித் தமிழ், நோட்டோ இரண்டும் கிடைக்கின்றன, தமிழ்99 விசைப்பலகையும் இருக்கிறது.

பெரியப்பா வீட்டில் பழைய பாகங்கள் விற்கும் கடையிலிருந்து ஒரு நினைவக அட்டையை வாங்கி 4 ஜிபி ஆக்கி, மின்ட் போட்டுக் கொடுத்தேன். மின்கட்டணம் செலுத்துவதும் ரயில் டிக்கெட் எடுப்பதும் நடக்கின்றன. மூன்று நாள் கழித்து ஒரு புகார் வந்தது: “அந்த நீல ஈ எங்கேப்பா போயிற்று?” இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் சின்னத்தைத்தான் கேட்டார். ஃபயர்பாக்ஸ் சின்னத்தை அந்த இடத்தில் வைத்து, பெயரை ‘இன்டர்நெட்’ என்று மாற்றிவிட்டேன்.

அச்சகத்தில் லினக்ஸுக்கு வேலையில்லை; பேஜ்மேக்கரும் பூட்டும் எக்ஸ்பியை விடாது. மைபாலை விட்டுவைத்தேன், சூப்பர்மியத்தை நீக்கினேன். பிறகு அவருக்கு இணையம் எதற்கு என்று விசாரித்தால், வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மாப்பிள்ளை, பெண் படங்களை இறக்குவதற்காம். அதற்கு அவருடைய செல்போன் போதும். அந்த 8 ஜிபி பென்டிரைவையும், செல்போனில் செருக ஓர் ஓடிஜி இணைப்பானையும் அவரிடமே கொடுத்துவிட்டு, கணினியின் பின்னாலிருந்து நெட் கேபிளைக் கழற்றிச் சுருட்டி மேசை டிராயரில் போட்டேன்.