சுவிஸ் டிராவல் பாஸ்: ஓடுகிற காலுக்குத்தான் லாபம்

சுவிட்சர்லாந்து போகிறவர்கள் விசாவுக்கு அடுத்தபடியாகக் கேட்கிற கேள்வி, ‘பாஸ் எடுக்கலாமா?’ என்பது. ஒரே விலை கொடுத்து, குறித்த நாட்களுக்கு நாடு முழுக்க ரயில், பேருந்து, படகு எல்லாவற்றிலும் போக விடுகிற சுவிஸ் டிராவல் பாஸைத்தான் சொல்கிறார்கள். தினம் ஒரு ஊர் மாறுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஒரே ஊரில் அறை போட்டு, இரண்டு பெரிய சிகரம் ஏறிவிட்டுத் திரும்புகிறவருக்குப் பெரும்பாலும் நஷ்டம்.

2025இல் இரண்டாம் வகுப்பு விலை இப்படி இருந்தது: 3 நாளுக்கு 244 பிராங்க், 4 நாளுக்கு 295, 6 நாளுக்கு 379, 8 நாளுக்கு 419, 15 நாளுக்கு 459. வகுத்துப் பார்த்தால் சங்கதி புரியும். 3 நாள் பாஸில் ஒரு நாள் 81 பிராங்குக்கு மேல் விழுகிறது. 8 நாளில் 52, 15 நாளில் 31கூட ஆவதில்லை. எட்டு நாளுக்கும் பதினைந்து நாளுக்கும் வித்தியாசம் வெறும் 40 பிராங்க். பத்து நாள் இருக்கப்போகிறவர் 8 நாள் பாஸ் வாங்கிக்கொண்டு மிச்சத்துக்குத் தனி டிக்கெட் எடுப்பது வீண்செலவு. அவசரச் சுற்றுலாக்காரர் வாங்கும் 3 நாள் பாஸ்தான் இருப்பதிலேயே மோசமான பேரம். இரண்டாம் வகுப்பே தாராளம். முதல் வகுப்பில் நாற்காலி அகலம், கூட்டம் குறைவு, ஜன்னலுக்கு வெளியே தெரிவது அதே மலைதான்.

இந்தப் பாஸின் அருமை ரயிலைவிட மற்றவற்றில்தான் தெரியும். மஞ்சள் தபால் பேருந்து, ஏரிப் படகு, 90க்கு மேற்பட்ட ஊர்களின் டிராம், நகரப் பேருந்து, 500க்கு மேற்பட்ட அருங்காட்சியகம் எல்லாம் அடக்கம். ரிகி, ஸ்டான்ஸர்ஹார்ன், ஸ்டோஸ் ஆகிய மலைகளுக்கு ஏற இறங்கக் காசே இல்லை. லூசெர்னில் தங்குகிறவர் ஒரு நாளை இப்படி வைத்துக்கொள்ளலாம்: காலையில் படகில் ஒரு மணி நேரம் போல ஃபிட்ஸ்னாவ், அங்கிருந்து 1871இல் ஓடத் தொடங்கிய பல்சக்கர ரயிலில் 1,798 மீட்டர் உயர ரிகி குல்ம், இறங்கும்போது மறுபக்கம் ஆர்த்-கோல்டாவ் வழி, அங்கிருந்து சாதாரண ரயிலில் லூசெர்ன். எங்கேயும் கவுன்ட்டரில் நிற்க வேண்டாம், பாஸைக் காட்டினால் போதும். ஏறிய வழியே இறங்குகிறவர்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கும்.

கணக்கு உதைக்கிற இடம் யுங்ஃபிராவ்யோக். 3,454 மீட்டரில் இருக்கிற அந்த ரயில் நிலையத்துக்குப் பாஸ் முழுதாகச் செல்லாது. கிரிண்டெல்வால்ட், வெங்கன் வரைக்கும்தான் இலவசம். அதற்கு மேல் 25 சதவீதத் தள்ளுபடி மட்டுமே. ஹாஃப் ஃபேர் கார்டு என்று ஒன்று இருக்கிறது, பாஸுக்குப் பதிலாக வாங்கிக்கொண்டு டிக்கெட்டுகளைப் பாதி விலைக்கு எடுக்கிற அட்டை. அதை வைத்திருப்பவருக்கு அதே டிக்கெட் பாதி விலை. டிட்லிஸ், பிலாட்டுஸ், கோர்னெர்கிராட் ஆகிய மூன்று மலைகளுக்கும் பாஸிலேயே பாதித் தள்ளுபடி உண்டு, ஆனாலும் மீதிப் பாதி கையைக் கடிக்கும். ஆகவே வாங்குமுன் சுவிஸ் ரயில்வேயின் எஸ்.பி.பி. செயலியில் ஒவ்வொரு பயணத்தின் முழு விலையையும் எழுதிக் கூட்டுங்கள். பாதியாக்கி, கார்டு விலையைச் சேருங்கள். இன்னொரு பக்கம் பாஸ் விலையோடு மலைக்குக் கட்டுகிற மிச்சத்தைச் சேருங்கள். எது குறைவோ அது. செயலியில் பயணி விவரத்தில் சலுகை அட்டை ஏதும் ஏற்கெனவே குறித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதி விலையை முழு விலை என்று நினைத்துக் கூட்டி ஏமாறுகிறவர்கள் உண்டு.

கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா ரயில்கள் இரண்டிலும் கட்டணம் பாஸில் அடங்கும், ஆனால் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் காசு. ஸெர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை சுமார் எட்டு மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார வேண்டும் என்பதையும் யோசியுங்கள். பெர்னினா வழியைப் பார்க்க எக்ஸ்பிரஸில் முன்பதிவு செய்யத் தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. அதே தண்டவாளத்தில் சாதாரண வட்டார ரயில் ஓடுகிறது. 2,253 மீட்டரில் ஓஸ்பிட்ஸியோ பெர்னினா, அடுத்து ஆல்ப் கிரும், புருஸியோவில் வட்டமாகச் சுற்றி இறங்கும் பாலம், எதுவும் தப்பாது. எக்ஸ்பிரஸின் பெரிய ஜன்னல் வைத்த பனோரமா பெட்டியில் கண்ணாடி திறக்காது. படம் எடுத்தால் உங்கள் சட்டையின் நிழல்தான் விழும். சாதாரண ரயிலில் சில பெட்டிகளில் ஜன்னலை இறக்க முடியும். செயின்ட் மோரிட்ஸிலிருந்து கிளம்பினால் வலப்பக்கம் உட்காருங்கள். கடைசி நிலையமான திரானோ இத்தாலியில் இருந்தாலும் பாஸ் அதுவரை செல்லும். அங்கிருந்து லுகானோ போகும் பெர்னினா பேருந்துக்கு மட்டும் முன்பதிவு வேண்டும்.

லூசெர்னிலிருந்து இன்டர்லாக்கன் போகும் இரண்டு மணி நேர ரயிலிலும் வலப்பக்கம்தான். ஸார்னன் ஏரி, லுங்கெர்ன் ஏரி இரண்டும் அந்தப் பக்கம் வரும். மைரிங்கனில் வண்டி நின்று, வந்த திசைக்கே திரும்பிக் கிளம்பும். பலர் ‘தப்பாக ஏறிவிட்டோம்’ என்று பதறி எழுந்து இடம் மாறுவார்கள். மாறாதீர்கள். திசை திரும்பியதால் உங்கள் வலம் இடமாகிவிட்டது, பிரியன்ஸ் ஏரியும் இப்போது இடப்பக்கம்தான் வரப்போகிறது. அதாவது அதே ஜன்னல்.

தவறு நடக்கிற இடங்கள் சில. ஃபிளெக்ஸ் பாஸ் என்பது ஒரு மாதத்துக்குள் நீங்கள் விரும்பும் நாட்களில் பயன்படுத்துவது. விலை கொஞ்சம் கூட. ஒவ்வொரு பயண நாளையும் வண்டி ஏறுமுன் இணையத்தில் பதிய வேண்டும். ஏறி உட்கார்ந்த பிறகு பதியலாம் என்று நினைத்தால், பரிசோதகர் கண்ணில் அது டிக்கெட் இல்லாத பயணம். நிலையத்தில் கதவோ தடுப்போ கிடையாது என்பதால் யாரும் நிறுத்தி நினைவூட்ட மாட்டார்கள். பாஸோடு பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். அசலை அறையில் பூட்டிவிட்டு வராதீர்கள்.

இன்டர்லாக்கன் ஓஸ்ட் (கிழக்கு) நிலையத்தில் ஏறும் மலை ரயில் ஸ்வைலூட்ஷினன் என்ற இடத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லாவுடர்புருனன், மறு பாதி கிரிண்டெல்வால்ட். நடைமேடைப் பலகையில் எந்த எழுத்துப் பகுதிக்கு எந்த ஊர் என்று போட்டிருக்கும், பெட்டியின் பக்கவாட்டிலும் இருக்கும். அதைப் படித்துவிட்டு ஏறுங்கள். சின்ன நிலையங்கள் பல ‘கேட்டால்தான் நிற்கும்’ ரகம். உள்ளே இருப்பவர் கதவருகே பொத்தானை அழுத்த வேண்டும்; வெளியே காத்திருப்பவர் நடைமேடைப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் வண்டி உங்களைக் கடந்து போய்விடும், ஓட்டுநர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

இணைப்பு ரயிலுக்கு ஐந்து நிமிடம் என்று செயலி காட்டினால் பொதுவாக அது போதும், எதிர் நடைமேடையிலேயே நிற்கும். சூரிச் பெரிய நிலையம் மட்டும் விலக்கு. 31 முதல் 34, 41 முதல் 44 வரை உள்ள தடங்கள் நிலத்துக்கு அடியில், ஒன்றுக்கொன்று எதிரெதிர் ஓரத்தில். பெட்டியோடு நடக்க, முதல் முறை பத்து நிமிடம் வையுங்கள். நிலையக் கடிகாரத்தின் சிவப்பு முள் உச்சிக்கு வந்ததும் ஒரு கணம் நின்று, பெரிய முள் துள்ளிய பிறகுதான் நகரும். வண்டிக் கதவு அதற்கு முன்பே சாத்தப்பட்டுவிடும். பெரிய பெட்டிகளை முதுகோடு முதுகாக இருக்கும் இருக்கைகளுக்கு நடுவே உள்ள முக்கோண இடைவெளியில் நுழைக்கலாம். ஜன்னலுக்கு மேல் மஞ்சள் கோடு ஓடினால் அது முதல் வகுப்பு. படகிலும் மேல்தளம் பெரும்பாலும் முதல் வகுப்புதான்.

குழந்தைகளோடு போகிறவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஐரோப்பாவில் அரிது. பெற்றோரில் ஒருவர் பாஸ் வைத்திருந்தால் 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஃபேமிலி கார்டு இலவசம். பாஸ் வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். தாத்தா பாட்டியோடு மட்டும் போனால் செல்லாது. 25 வயதுக்குக் கீழ் இருப்பவருக்கு 30 சதவீதம் தள்ளுபடி.

சூரிச்சிலோ பெர்னிலோ உறவினர் வீட்டுக்கு வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பாஸ் சுவிட்சர்லாந்திலும் லீக்டன்ஸ்டைனிலும் வசிக்காதவருக்கு மட்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் அம்மா எடுக்கலாம், அங்கேயே இருக்கும் மகள் எடுக்க முடியாது. அம்மாவும் மாதத்தில் நான்கு நாள்தான் வெளியே கிளம்புவார் என்றால் பாஸ் வேண்டாம். ஸேவர் டே பாஸ் என்று ஒன்று இருக்கிறது: ஒரு நாள் முழுக்க நாடு சுற்றலாம், முன்கூட்டியே வாங்கினால் 52 பிராங்கிலிருந்து, ஹாஃப் ஃபேர் கார்டு இருந்தால் 29இலிருந்து. ஆறு மாதத்துக்கு முன்பே விற்பனைக்கு வந்துவிடும், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். மலை ரயில்கள் பலவற்றுக்கு இது செல்லாது. வாங்குமுன் வரைபடத்தைப் பாருங்கள்.