முற்றத்து ஓரத்தில் எந்த ஸ்கிரீன் தாங்கும்: டிஎன், ஐபிஎஸ், ஓலெட்

செட்டிநாட்டு வீட்டில் லேப்டாப்பை வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், வைத்தால், பகல் முழுக்க முற்றத்து வெளிச்சம் பக்கத்திலேயே விழும். வழுவழுவென்று மெருகேற்றிய சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் அதைத் திருப்பி அடிக்கும். அதனால் டிஎன், ஐபிஎஸ், ஓலெட் என்ற பேனல் வகைக்கு முன்னால் நிட்ஸை, அதாவது ஸ்கிரீன் வெளிச்சத்தின் அளவை, கேளுங்கள். விலை குறைந்த மாடல்களில் வழக்கமாக வரும் 250 நிட்ஸ் உள்ளறைக்குப் போதும், முற்றத்து ஓரத்தில் எழுத்து வெளுத்துவிடும். அங்கே 300 வேண்டும், 400 இருந்தால் நிம்மதி. பளபளப்பு ஸ்கிரீன் என்றால் எக்செல் ஷீட்டுக்கு மேல் தேக்குத் தூண் தெரியும். மேட் பூச்சே நல்லது.

டிஎன் பேனலில் நேராக உட்கார்ந்தால் குறை தெரியாது. மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தாலே கறுப்பு சாம்பலாகும், நிறம் தலைகீழாகும். ஒருவரே உட்கார்ந்து கணக்குப் போடப் போதும். நாலு பேர் சுற்றி நின்று கல்யாண ஆல்பம் பார்க்க, பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ்தான்.

ஆனால் ஐபிஎஸ் என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி இரண்டும் ஸ்கிரீன் எவ்வளவு நிறம் காட்டும் என்று அளக்கும் அளவுகோல்கள்; போட்டோவுக்கும் இணையத்துக்கும் வழக்கம் எஸ்ஆர்ஜிபி. ‘45% என்டிஎஸ்சி’ என்று போட்ட ஐபிஎஸ், எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டும். கண்டாங்கிச் சேலையின் அரக்குச் சிவப்பு அதில் செங்கல் பொடிபோலத் தெரியும். அதைப் பார்த்து போட்டோவில் சிவப்பை ஏற்றினால், நல்ல போன் ஸ்கிரீனில் பார்ப்பவருக்குச் சேலை கண்ணைப் பறிக்கும்; கைக்கு வந்ததும் ‘இது வேற கலர்’ என்று திரும்பி வரும். சேலை, ஆத்தங்குடிக் கல் படம் போட்டு விற்பவர்கள் ‘100% எஸ்ஆர்ஜிபி’ என்று எழுதியிருப்பதை மட்டும் எடுங்கள். ரெசல்யூஷனில் 1920×1080 போதும். அதற்கு மேல் கொடுக்கிற காசு நிறத்துக்குப் போகட்டும்.

ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். நிறம் நன்றாக இருக்கும், கறுப்பில் மற்ற இரண்டும் அதை நெருங்க முடியாது. ஆனால் நாள் முழுக்க டாலி கணக்கு சாஃப்ட்வேர் திறந்திருக்கும் கடைக்கு அது சரிவராது. அசையாத மெனுப் பட்டை வருடக்கணக்கில் நின்றால் அதன் தடம் பதிந்துவிடும். வெளிச்சத்தைக் குறைத்தால் பல மாடல்கள் கண்ணுக்குத் தெரியாமல் சிமிட்டும், சிலருக்குத் தலைவலி வரும். கடையிலேயே வெளிச்சத்தைக் குறைத்து, போனில் ஸ்லோமோஷன் எடுங்கள். பட்டை பட்டையாக ஓடினால் சிமிட்டல்தான்.

பழைய லேப்டாப்பில் கோடு விழுந்தால் உடனே பேனல் வாங்க வேண்டாம். எச்டிஎம்ஐயில் டிவியோடு இணையுங்கள். டிவியிலும் கோடு வந்தால் கோளாறு மதர்போர்டில். டிவி சுத்தமாக இருந்தால் மூடியை மெல்ல ஆட்டுங்கள். கோடு வந்து வந்து போனால் பெரும்பாலும் ஹிஞ்ச் (மூடியின் கீல்) பக்கம் மடங்கித் தேய்ந்த கேபிள். ஸ்கிரீன் இருண்டிருந்தால் டார்ச்சைச் சாய்த்துக் காட்டுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது பேக்லைட், அதாவது பேனலுக்குப் பின்னால் எரியும் விளக்கு.

பேனலே மாற்றுவதென்றால் டிஎன்னுக்குப் பதில் ஐபிஎஸ் போடலாம். பழைய பேனலின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணை வைத்து கனெக்டரில் 30 பின்னா 40 பின்னா, ஸ்க்ரூ போடும் பக்கக் காது உண்டா இல்லையா, கனெக்டர் எந்தப் பக்கம் என்று ஒத்துப் பாருங்கள். 1366×768 பேனலின் கேபிளில் சில சமயம் ஒரே லேன்தான் (படத் தகவல் போகும் பாதை) இருக்கும். 1920×1080க்கு இரண்டு வேண்டும், கேபிளையும் மாற்ற நேரும். கழற்றும் முன் பேட்டரி கனெக்டரை எடுத்துவிடுங்கள். மின்சாரம் ஓடும்போது பேனல் கேபிளைப் பிடுங்கினால் போர்டில் இருக்கும் பேக்லைட் ஃபியூஸ் போகலாம். போனால் புதுப் பேனலும் இருட்டாகவே நிற்கும்.