ஹிரோஷிமா பிளேடு அயர்னோடு மூன்றரை வருடம்

நான் கோல்ஃப் ஆடுகிறவன். என் 7-ம் நம்பர் அயர்னின், அதாவது இரும்புத் தலை கொண்ட மட்டையின், முகத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு நிறம் மங்கிய இடம் ஒன்று இருக்கிறது. பளபளப்பு போய், ஓரத்தில் லேசாகப் பழுப்பேறிய வட்டம். பந்து பட்டுப் பட்டு வந்த தேய்மானம். நன்றாக ஆடுபவர்களின் பிளேடில் (மெல்லிய தலையுள்ள, தப்பை மன்னிக்காத அயர்ன்) அந்த வட்டம் நடுவிலிருந்து கொஞ்சம் ஷாஃப்ட் (பிடியிலிருந்து தலை வரை வரும் குழாய்) பக்கம் தள்ளி, அச்சுக் குத்தியது போல இருக்கும். என்னுடையது முனைப் பக்கமாக வழிந்து, சரியாகத் திருப்பாத தோசை மாதிரி கோணலாக இருக்கிறது. இந்த மூன்றரை வருடத்தை ஒரே படத்தில் காட்டச் சொன்னால் அதைத்தான் காட்டுவேன்.

கோபேயில் குடியேறி ஏழு வருடம் ஆகிறது. மாதம் இரண்டு ரவுண்டு ஆடுகிறேன். வாரத்தில் ஒரு மாலை, வலை கட்டிய மாடிப் பயிற்சிக் கூடத்தில் நூறு பந்து அடிக்கிறேன். ஸ்கோர், அதாவது ஒரு ரவுண்டின் 18 குழிக்கும் ஆகும் அடிகள், 88-க்கும் 96-க்கும் நடுவே ஊசலாடும்; குறைந்தால்தான் நல்லது. இந்த லட்சணத்தில் இருப்பவன் எதற்குப் பிளேடு வாங்க வேண்டும்? கூட ஆடும் நண்பனும் அதையேதான் கேட்டான். "மச்சி, இது பாக்குறதுக்கா, ஆடுறதுக்கா?" பார்ப்பதற்குத்தான் என்று அன்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

ஆசையைக் கிளப்பியது 2021 ஏப்ரல். ஜப்பான் வீரர் ஹிடெக்கி மட்சுயாமா அமெரிக்காவின் பெரிய கோல்ஃப் போட்டியான மாஸ்டர்ஸை ஜெயித்தபோது ஜப்பானில் திங்கட்கிழமை காலை. எங்கள் அலுவலகத்தில் அன்று முற்பகல் யாரும் உருப்படியாக வேலை பார்க்கவில்லை. அவர் பையில் இருந்தது ஜப்பானிய ஸ்ரிக்ஸன் கம்பெனியின் இசட்-ஃபோர்ஜ்ட் பிளேடு. அதற்கும் முன்னால், 1997-ல் டைகர் வுட்ஸ் அதே மாஸ்டர்ஸை ஜெயித்தபோது அவர் அயர்ன்கள் இன்னொரு ஜப்பானிய கம்பெனியான மிசுனோவுடையவை. இந்த இரண்டையும் மனதில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

முதலில் கையைச் சுட்டுக்கொண்டது ஒரு பழைய செட்டில். இங்கே செகண்ட் ஹேண்ட் கடைகளில் அழகழகான பிளேடுகள் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். ஒன்றைத் தூக்கி வந்துவிட்டேன். 8-ம் 9-ம் ஒரே தூரம் போயின. என் ஸ்விங்தான் கோளாறு என்று இரண்டு மாதம் நொந்துகொண்டு, கடைசியில் பட்டறையில் அளந்து பார்த்தால் இரண்டுக்கும் லாஃப்ட் (முகம் பின்னால் சாயும் கோணம்; குறைந்தால் தூரம் கூடும்) வித்தியாசம் ஒன்றரை டிகிரிதான். நான்கு இருந்திருக்க வேண்டும். முன்பு வைத்திருந்தவர் வளைத்தாரோ, அடித்து அடித்து வளைந்ததோ. மென்மையான இரும்பு வளையும். அது அதன் குணம், அதுதான் அதன் வசதியும். பழைய பிளேடு வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன் லாஃப்ட்டையும் லையையும் (ஷாஃப்ட்டுக்கும் தரைக்கும் இடையே உள்ள கோணம்) அளக்கச் சொல்லுங்கள். நான் செய்யாதது.

அப்புறம்தான் நிதானமாகத் தேட ஆரம்பித்தேன். ஒரு சனிக்கிழமை அயர்ன் தலை அடிக்கும் ஊரான இச்சிகாவாவுக்கே போனேன். ஹிமேஜிக்கு வடக்கே, பான்டான் ரயில் பாதையில் இருக்கிற சின்ன ஊர். இறங்க வேண்டிய ஸ்டேஷன் பெயர் அமாஜி. அந்தப் பெயருக்கு எழுதும் இரண்டு எழுத்துகளைத்தான் சீனர்கள் காந்தியின் பெயருக்கும் எழுதுகிறார்கள். தற்செயல்தான், ஆனால் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுக்காமல் வர முடியவில்லை. ஜப்பானின் முதல் அயர்ன் தலைகள் 1930 வாக்கில் இந்தப் பக்கத்துக் கொல்லர்கள் அடித்தவை என்று ஊர் பெருமைப்பட்டுக்கொள்கிறது. பக்கத்து மிகி நகரம் ரம்பம், உளி, தச்சுக் கருவிகளுக்குப் பேர்போனது. 1932-ல் திறந்த ஹிரோனோ கோல்ஃப் கிளப்பும் அங்கேதான். உலை, கை, வாங்க ஆள் என்று மூன்றும் ஒரே வட்டாரத்தில் இருந்திருக்கிறது. அயர்ன் செய்வதில் பெரிய பெயரான மியூரா கம்பெனியும் ஹிமேஜி வட்டாரத்துக்காரர்கள்தான். அவர்களுடைய விலையைக் கேட்டேன். கேட்டதோடு சரி.

இந்த இடத்தில் ஒரு எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய அயர்ன் என்றாலே சாமுராய் வாள் கதையை எடுத்துவிடுவார்கள். வாளுக்கு வேண்டியது கடினம். கார்பன் அதிகமான எஃகை மடித்து மடித்து அடித்து, கடைசியில் நீரில் தோய்த்து விளிம்பை இறுக வைப்பார்கள். அயர்னுக்கு எடுப்பதோ கார்பன் கால் சதவீதம் அளவே இருக்கும் மென்மையான இரும்பு. மடிப்பதும் இல்லை, வாளைப் போல விளிம்பைத் தோய்ப்பதும் இல்லை. பழுக்கக் காய்ச்சிய தண்டை அச்சில் வைத்துப் பெரிய இயந்திரச் சம்மட்டியால் அடித்து, பிதுங்கியதை வெட்டி, பிறகு தேய்த்துத் தேய்த்து உருவம் கொண்டுவருகிறார்கள். கைத்திறன் அந்தத் தேய்ப்பில் இருக்கிறது. அதைச் சொன்னாலே போதுமே!

கடைசியில் 2022 வசந்தத்தில் புதிதாக வாங்கியது மிசுனோ ப்ரோ 221. 4 முதல் பிட்சிங் வெட்ஜ் (9-க்கு அடுத்தது, குறைந்த தூரத்துக்கு உயரத் தூக்கி அடிப்பது) வரை ஏழு. மிசுனோவுக்காக ஹிரோஷிமாவில் இருக்கும் சூவோ கோக்யோ என்ற தொழிற்சாலை 1968 முதல் அடித்துக் கொடுக்கிறது. தலையும் கழுத்தும் ஒரே தண்டிலிருந்து வருவதால் இரும்பின் இழை அறுபடாமல் ஓடும் என்பது அவர்கள் சொல்லும் சிறப்பு. குரோம் பூச்சுக்கு அடியில் மெல்லிய செம்புப் படலமும் உண்டு.

அந்தச் செம்பு கையில் தெரிகிறதா என்றால், எனக்குத் தெரியவில்லை. பந்து முகத்தில் ஒட்டியிருப்பது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். கைக்குச் செய்தி வரும்போது பந்து கிளம்பிப் போயிருக்கும். நாம் 'மென்மை' என்று சொல்வதில் பாதிக்கு மேல் காது. ஒரு நாள் இயர் பிளக் வைத்துக்கொண்டு பத்து பந்து அடித்துப் பார்த்தேன். என் 221-ம் நண்பனின் வார்ப்பு அயர்னும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. பிளக்கை எடுத்தால் ஒன்று 'டொக்', மற்றது 'டிங்'. அந்த 'டொக்' சத்தத்துக்குத்தான் இவ்வளவு காசு என்றாலும் எனக்கு வருத்தமில்லை.

தூரத்தில் ஏமாறாதீர்கள். 221-ன் 7-ம் நம்பர் 34 டிகிரி. தூரத்துக்கென்றே செய்யும் அயர்ன்களில் 7 என்று எழுதியிருப்பது 28, 29 டிகிரி. நான் 145 யார்டு அடிக்கும் இடத்தில் நண்பன் 'அதே' 7-ஐ வைத்து 165 அடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பான். நம்பரை மறந்து லாஃப்ட்டைப் பார்த்தால் சண்டையே இல்லை.

நான் செய்த பெரிய தப்பு ஷாஃப்ட்டில். பிளேடு என்றால் டைனமிக் கோல்ட் என்ற எஃகு ஷாஃப்ட்தான் என்று மனதில் பதிந்திருந்தது. சுமார் 130 கிராம். காலையில் முதல் ஒன்பது குழி ராஜா மாதிரி இருக்கும். ஜப்பானில் நடுவில் நிறுத்தி உட்கார்ந்து சாப்பிட வைப்பார்கள். கட்ஸு கறியை (பொரித்த இறைச்சியும் குழம்புமாக வரும் சோறு) தின்றுவிட்டுப் பத்தாவது குழிக்குப் போனால் கை எழும்பாது, எல்லாம் வலப்பக்கம் போகும். எட்டு மாதம் கழித்து நிப்பான் ஷாஃப்ட்டின் மோடஸ் 105-க்கு மாற்றினேன். 20 கிராமுக்கு மேல் குறைவு. தலையை மாற்றியதைவிட இதுதான் என் ஆட்டத்தை மாற்றியது.

இன்னொன்று லை. பந்து தொடர்ந்து இடப்பக்கம் கிளம்புவதைப் பார்த்து, பட்டறைப் பெரியவர் தலையை இடுக்கியில் கவ்வவைத்து, கழுத்தில் கம்பியை மாட்டி, உடம்பின் பாரத்தைக் கொடுத்து ஒரே ஒரு அமுக்கு அமுக்கினார். அளவுகோலை வைத்துப் பார்த்தார். ஒரு டிகிரி. "சரியாகிவிட்டது, ஐயா. அடுத்ததைக் கொடுங்கள்." ஏழுக்கும் சேர்த்து ஒரு டீ குடிக்கும் நேரம். நண்பனுடைய வார்ப்பு எஃகு செட்டைப் பார்த்து, "இது உடைந்தால் என்னைச் சொல்லக்கூடாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மென்மையான இரும்பால் எனக்குக் கிடைத்த உண்மையான பலன் அந்த ஒரு அமுக்குதான்.

ஆட்டத்துக்கு வருவோம். 8, 9, பிட்சிங் வெட்ஜ் மூன்றும் அருமை. இங்கே ஃபேர்வேயில் (குழியை நோக்கிப் போகும் வெட்டிய புல்வெளி) கொராய் புல். பிரஷ் மாதிரி விறைத்து நிற்கும், பந்து அதன் மேல் உட்கார்ந்திருக்கும். மெல்லிய அடிப்பாகம் உள்ளே நுழைந்து சுத்தமாக வெளியே வரும். தாழ்வாக அடி, கொஞ்சம் வளை என்றால் கேட்கும். ஜூன் மழைக்காலத்தில் மட்டும் அதே மெல்லிய அடிப்பாகம் ஈர மண்ணில் மண்வெட்டி போல இறங்கிவிடும்.

5-ம் 4-ம் வேறு விஷயம். முனையில் அரை அங்குலம் தள்ளிப் பட்டால் 15 யார்டு போச்சு, மணல் பள்ளமான பங்கர் காத்திருக்கும். ஜனவரிக் காலையில் அடிவிளிம்பில் பட்டால் விரலெல்லாம் சுரீரென்று, அடுத்த இரண்டு குழிக்குக் கையுறைக்குள் ஊதிக்கொண்டே நடக்க வேண்டும். அந்த வலியிலும் ஒரு பயன் உண்டு என்பார்கள்: பிளேடு ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கும் என்று. மூன்றரை வருடம் ஆடியவன் சொல்கிறேன், கற்றுக்கொடுக்காது. தப்பு நடந்தது என்று சொல்லும், அவ்வளவுதான். எங்கே பட்டது என்பது முனையா, குதியா, அடியா என்று துல்லியமாகக் கைக்குத் தெரியும். ஏன் பட்டது என்று சொல்ல ஒரு வாத்தியார் வேண்டும். நான் 96-லிருந்து 90-க்கு வந்தது ஆறு மாதம் வாத்தியாரிடம் போனதால். அந்த ஆறு மாதமும் அவர் என் அயர்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

போன வருடம் 4, 5, 6-ஐ விற்றுவிட்டு மிசுனோ ப்ரோ 223-ல் 5-ம் 6-ம் வாங்கினேன். அதே குடும்பம், முதுகு கொஞ்சம் தடிமன், மேலே தூக்கிக் கொடுக்கும். ஒரு சிக்கல்: 223-ன் 7 நம்பருக்கு 32 டிகிரி, அதற்கேற்ப அதன் 6-ம் நிமிர்ந்திருக்கும். என் 221-ன் 7 34 டிகிரி என்பதால் நடுவில் பள்ளம் விழுந்தது. பட்டறைப் பெரியவர் 6-ஐ ஒரு டிகிரி சாய்த்து, 7-ஐ ஒரு டிகிரி நிமிர்த்திச் சமாளித்தார். நிமிர்த்தினால் அடிப்பாகத்தின் பவுன்ஸும் (மண்ணில் இறங்கிவிடாமல் தடுக்கும் கோணம்) ஒரு டிகிரி குறையும், மழையில் பார்த்து அடியுங்கள் என்று எச்சரித்தே கொடுத்தார். 4-க்குப் பதில் இப்போது பையில் ஒரு ஹைப்ரிட், அதாவது தலை தடித்த, அடிக்கச் சுலபமான மட்டை.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. ரவுண்டு முடிந்ததும் துடைத்து, தலைகளுக்குத் தனித்தனி உறை. அலசாமல் மூடி வைத்தால் கோட்டுப் பள்ளங்களில் துரு பிடிக்கும். வருடத்துக்கு ஒரு முறை லாஃப்ட்டும் லையும் அளக்கக் கொடுக்கிறேன். ரப்பர் பாயில் நூறு நூறாக அடிக்கிறவர்களுக்கு இது கட்டாயம். இரண்டாவது வருடம் என் 9 முக்கால் டிகிரி நகர்ந்திருந்தது.

விற்ற மூன்றும் கடையில் 'ஏ' தர வரிசையில் போயின. கடைக்காரர் 4-ம் நம்பரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு தேய்மானம்கூட இல்லையே, பயன்படுத்தவே இல்லையா என்று கேட்டார். பயன்படுத்தினேன், முகத்தில் படவில்லை என்று சொல்ல எனக்கு ஜப்பானிய மொழி அவ்வளவு வராது.